தேடாமல் விட்ட பேர்

உன் கார்ட் வந்துவிட்டது.

நேற்றுக் காலை உன் வீட்டுக்காரர் கொண்டுவந்து தந்தார். ரப்பர் பால் வெட்டி முடித்த கையோடு, நான் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா வாசலுக்கு வந்து நின்றார். "தங்கச்சி, இது அவ பேருக்கு வந்திருக்காம். ஆபீஸ்ல குடுத்தாங்க. நீங்கதானே இதெல்லாம் பாக்குறீங்க" என்று சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார். வாக்காளர் அட்டை. உன் பேர், ஏழாம் நம்பர் லயம், வாக்குச்சாவடி நம் தோட்டப் பள்ளிக்கூடம். எல்லாம் சரியாக இருந்தது. தாளில் ரப்பர் பால் வாடை ஏறியிருந்தது. உன் வீட்டிலிருந்து வரும் எந்தத் தாளிலும் அந்தப் புளித்த வாடை இருக்கும். நீ சேர்த்துக்கொண்டு வந்து கொட்டும் படிவங்களால் என் மேசை லாச்சியே நாறுகிறது என்று எத்தனை தரம் உன்னைத் திட்டியிருக்கிறேன்.

உன் முப்பதாம் நாள் காரியம் முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

"இத அவ படத்துக்கிட்ட வெச்சுக்கலாமா?" என்று கேட்டார். பிள்ளைகளுக்குப் பால் கரைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். அவர் கார்டை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் போனார். 'தலைவி வந்தாச்சு, எந்திரிங்கடி' என்று கூட்டத்துக்குக் கூட்டம் என்னைக் கேலி செய்தவள் நீ. அந்தத் தலைவி ஒரு மனிதருக்குப் பதில் சொல்ல முடியாமல் பால்மாவைக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

பதில் தெரியாமல் இல்லை. செத்தவர்களின் கார்ட் வீட்டில் இருக்கக் கூடாது, கிராம சேவகரிடம் கொடுத்துப் பேரை வெட்டச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பேரில் எவராவது ஓட்டுப் போட்டுவிடுவார்கள். இதை லயம் லயமாகச் சொல்லித் திரிந்தது நாம்தானே. மூன்றாம் லயத்து மாமா தன் சம்சாரத்தின் கார்டைச் சாமிப் படத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தபோது, பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பேசி வாங்கியது நீ. "மாமா, அத்த பேர்ல வேற எவளோ போய் ஓட்டுப் போட்டா அத்தைக்கு எப்பிடி இருக்கும்? குடுங்க." அழுதுகொண்டே கொடுத்தார். எனக்கு அப்படிப் பேச வராது.

ஆனால் கார்டை எடுத்துக்கொண்டு கிராம சேவகரிடம் போக எனக்குக் கால் எழவில்லை என்றால் அதற்குக் காரணம் வேறு. அதை நான் உன்னிடம் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் உன் கட்டிலருகில் இருந்தும் சொல்லவில்லை. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். அவரும் மன்னிப்புக் கொடுத்து மூன்று ஜெபம் சொல்லச் சொன்னார். உனக்குச் சொன்னதாக அது ஆகாது.

நாம் தொடங்கினது உனக்கு நினைவிருக்கும். கொழும்பிலிருந்து ஒரு மிஸ் வந்து பள்ளிக்கூடத்தில் இரண்டு நாள் வகுப்பு வைத்தார். வாக்காளர் இடாப்பு, அதாவது ஓட்டு லிஸ்ட், என்றால் என்ன, பேரை எப்படிச் சேர்ப்பது, எந்தக் கட்சிக்கும் சாயாமல் எப்படி வேலை செய்வது என்று சொல்லித் தந்தார். ஆளுக்கொரு பைல் கவர் கொடுத்தார். அப்புறம் அவரைக் காணவில்லை. ஒன்பது பெண்கள் மிஞ்சினோம். எழுதப் படிக்க வருமென்று என்னைத் தலைவி ஆக்கினீர்கள். உனக்கு எழுத்து வராது, ஆனால் பதினான்கு லயத்திலும் எந்தக் காம்பராவில் யார் யார், யார் கட்டிக்கொண்டு வந்தவள், எவன் கொழும்புக் கடைக்குப் போனவன் எல்லாம் தலைக்குள் இருந்தது. இடாப்பு என்னிடம் தாளில் இருந்தது, உன்னிடம் வாயில் இருந்தது.

தொழிற்சங்கத் தலைவர் ஒருநாள் வழிமறித்துக் கேட்டார், "நீங்க பொம்பளைங்க எல்லாம் இப்ப யாரு பக்கம்?" நான் நடுநிலை, கட்சி சார்பற்ற என்றெல்லாம் வகுப்பில் படித்ததை ஒப்பிக்கத் தொடங்கினேன். நீ குறுக்கே வந்தாய். "நாங்க லிஸ்ட்டுப் பக்கங்க. லிஸ்ட்டுல பேர் இருந்தா போதும், அப்புறம் அவங்க யாருக்குப் போட்டா எங்களுக்கு என்னாங்க." அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தேர்தல் நாளுக்குக் கட்ட எந்தக் கட்சிக்கும் சொந்தமில்லாத நிறத்தில் சேலை தேடி ருவான்வெல்லைக் கடைவீதி முழுக்க அலைந்தோமே. பச்சை ஆகாது, நீலம் ஆகாது, சிவப்பு ஆகாது. கடைசியில் சாம்பல் நிறத்தில் ஒன்பது வாங்கினோம். கண்ணாடியில் பார்த்துவிட்டு, "எழவு வீட்டுக்குப் போற மாதிரி இருக்குடி. இதுக்கு ஒரு கட்சியிலயே சேந்திருக்கலாம்" என்றாய்.

இத்தனைக்கும் நீ ஒரு தரமும் ஓட்டுப் போட்டவள் இல்லை. பிறப்பைப் பதியாமல் விட்டதால் உனக்கு அடையாள அட்டையே கிடையாது. கேகாலைக் கச்சேரி ஆபீஸுக்கும் பள்ளிக்கூடத்துக்குமாக ஒரு வருஷம் அலைந்து, பழைய சேர்வு இடாப்பைத் தேடிப் பிடித்து அதை வாங்கினோம். அதற்குக் கைநாட்டு வைக்க வேண்டி வந்தது உனக்குப் பெரிய வெட்கம். "கைநாட்டுக்காரி ஓட்டுன்னு எவனும் சொல்லப்படாது" என்று, பின்னேரங்களில் பிள்ளைகளின் சிலேட்டில் உன் பேரை எழுதி எழுதிப் பழகினாய். அந்த வருஷம் பேர் பதியும் படிவம் வந்தபோது என் மேசையில் வைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, முதல் கையெழுத்தைப் போட்டாய். பால் வெட்டிக் கறை ஏறிய உன் பெருவிரலும் தாளின் ஓரத்தில் கறுப்பாகப் பதிந்துவிட்டது. "பத்திரமா வெச்சுக்கடி. இது என் மொதக் கையெழுத்து" என்றாய்.

பத்திரமாக வைத்தேன். அங்கேதான் பிழை நடந்தது. மற்றவர்கள் படிவம் எல்லாம் பைல் கவரில். நம் குழுவின் படிவங்களைக் கடைசியில் கொடுப்பது என்பது நம் கட்டுப்பாடு, தங்களுக்கு முதலில் பார்த்துக்கொண்டார்கள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே. மற்ற ஏழு பேரும் தங்கள் படிவத்தைத் தாங்களே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். உன்னுடையதைக் கசங்கக் கூடாது, நனையக் கூடாது என்று என் பேக்கின் உள் ஜிப்பில் தனியாக வைத்தேன். பைல் கவரைக் கிராம சேவகரிடம் கொடுத்தேன். உள் ஜிப்பைத் திறக்கவில்லை.

அதோடு முடிந்திருந்தால்கூடத் தப்பியிருக்கலாம். இடாப்பைக் கிராம சேவகர் ஆபீஸ் சுவரில் ஒட்டினார்கள், விடுபட்டவர்கள் வந்து முறையிடலாம் என்று. நாம் இரண்டு பேரும் போனோம். நீ லயம் லயமாகப் பேரைச் சொல்லச் சொல்ல நான் விரலை வைத்துத் தேடினேன். இருக்கு, இருக்கு, இது இல்ல, குறிச்சுக்க. ஏழாம் லயத்துக்கு வந்தபோது பக்கத்துக் காம்பரா, எதிர்க் காம்பரா எல்லாம் சொன்னாய். உன் பேரைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இருக்கும் என்று தெரிந்த பேரை யார் தேடுவார்கள்? பதினொரு பேர் விடுபட்டிருந்தார்கள். பதினொரு பேருக்கும் முறைப்பாடு எழுதிக் கொடுத்துவிட்டு, பெரிய வேலை செய்தோம் என்று கடையில் பிளேன்டீ குடித்துவிட்டு வந்தோம்.

தேர்தலுக்கு முன்பு உனக்குக் கார்ட் வரவில்லை. "கார்ட் இல்லாட்டியும் லிஸ்ட்ல இருந்தா போதும்னு நீதானே சொன்ன" என்று நீதான் என்னைத் தேற்றினாய். காலையிலேயே சாம்பல் சேலையில் வரிசையில் நின்றாய். அதிகாரி தாளைப் புரட்டினார், ஒருமுறை, மறுபடி ஒருமுறை. அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார். நல்ல மனிதர், முகம் சுண்டிவிட்டது. "நமக் நே, நோனா. மட்ட கரன்ன தெயக் நே" என்றார். பேர் இல்லை, நான் செய்ய ஒன்றுமில்லை. யாரிடம் போய் எதைக் கேட்பது? இடாப்பு மூடினால் மூடியதுதான் என்று ஊருக்கெல்லாம் சொன்னவளே நான்.

நீ வெளியே வந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மேல் டிவிசனுக்கு ஏறிப் போய்விட்டாய். நடக்க முடியாத கிழவிகளைப் பொழுதுக்கும் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்து வரிசையில் விட்டாய். நாலு மணிக்கு எல்லாரும் மை பூசிய விரலைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தபோது, "எனக்கு எதுக்குடி மை? இந்தா, பத்து விரலும் கறுப்புத்தான்" என்று பால் கறை ஏறிய கைகளை விரித்துக் காட்டினாய். எல்லாரும் சிரித்தார்கள். நீ என் முகத்தைப் பார்க்கவில்லை, உனக்கு எவ்வளவு வலித்தது என்று அதிலிருந்து எனக்குத் தெரிந்தது.

மறுநாள் காலை பேனா தேடப் போய் உள் ஜிப்பைத் திறந்தேன்.

உடனே ஓடி வந்து சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் நீ வாசலில் நின்றாய். "வாடி, அந்த ஜீ.எஸ்.ஸ நாலு கேள்வி கேக்கணும்." கிராம சேவகரின் மேசைக்கு முன்னால் நின்று சிங்களத்தில் விளாசினாய். தோட்டத்து ஆளென்றால் தாளைக் குப்பையில் போடுவீர்களா என்று கேட்டாய். அவர் பைலை எடுத்து ஒவ்வொன்றாகப் புரட்டிக் காட்டினார். வரவில்லை என்றார். பிறகு என்னைப் பார்த்துத் தனக்கு வந்த தமிழில் கேட்டார், "நோனாதானே கொண்டாந்தது? எல்லாம் குடுத்ததா?"

பேக் என் தோளில் இருந்தது. படிவம் அதற்குள் இருந்தது.

"எல்லாம் குடுத்தேன் மாத்தையா" என்றேன்.

அதன்பிறகு நீ அவரைத் திட்டும்போதெல்லாம் நான் வாயில் கொழுக்கட்டை வைத்தவளாக இருந்தேன். அடுத்த வருஷம் உன் படிவத்தை எல்லாருக்கும் முன்னால் கொண்டுபோய்க் கொடுத்து, அவர் பதிவதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தேன். இந்த முறை ஓட்டுப் போட்டுவிட்டால் அப்புறம் சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். தேர்தல் அறிவித்தார்கள். உனக்குக் காய்ச்சல் வந்தது.

எலிக்காய்ச்சல் என்று கரவனெல்ல ஆஸ்பத்திரியில் சொன்னபோது கண் மஞ்சளாகிவிட்டிருந்தது. மூன்றாம் நாள் கொஞ்சம் தெளிவாக இருந்தாய். "கார்ட் வந்துச்சாடி?" என்று கேட்டாய். இன்னும் இல்லை என்றேன். "வந்ததும் அந்த ஜீ.எஸ்.கிட்ட கொண்டு போய்க் காட்டணும். பாவம், ரொம்ப ஏசிட்டேன். மன்னிச்சுட்டேன்னு சொல்லணும்." தண்ணீர் கேட்டாய். கொடுத்தேன். சொல்லு, இப்பொழுதே சொல்லு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். நலமாகி வரட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். ஐந்தாம் நாள் நீ யாரையும் அடையாளம் காணவில்லை.

ஒன்றையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். நேற்றுக் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு, உன் பேரில் நானே போய் ஒரு ஓட்டுப் போட்டுவிட்டு வந்தால் என்ன என்று நினைத்தேன். கள்ள ஓட்டு ஆகாது என்று நாலு வருஷம் தொண்டை வற்றக் கத்தியவள் நினைத்த நினைப்பு. யாருக்குப் போடுவது என்பதுகூடத் தெரியாது, நீ யாருக்குப் போட இருந்தாய் என்று நான் கேட்டதே இல்லை, நம் குழுவில் அதைக் கேட்கக் கூடாது.

இன்று காலை பிள்ளைகளை உதவிக்காரியிடம் விட்டுவிட்டுக் கிராம சேவகரிடம் போனேன். கார்டை மேசையில் வைத்தேன். பேரைப் பார்த்ததும் நிமிர்ந்தார். "அந்த ஏசின நோனாவா? அனே, பவ்" என்று பாவப்பட்டார். நீ மன்னித்துவிட்டதாகச் சொல்லச் சொன்னாய் என்று எந்த வாயால் சொல்வது? பேக்கின் உள் ஜிப்பிலிருந்து படிவத்தை எடுத்துக் கார்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"அன்னைக்கு நீங்க வரலன்னு சொன்னது நெசந்தான் மாத்தையா. இது என்கிட்டயே இருந்துச்சு. குடுத்தேன்னு நான் சொன்னது பொய்."

அவர் படிவத்தை எடுத்து, உன் கையெழுத்தையும் ஓரத்திலிருந்த கறையையும் பார்த்தார். ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கார்டின் மேல் இறந்துவிட்டதாகச் சிங்களத்தில் எழுதிப் பைலில் வைத்தார். படிவத்தை என் பக்கம் தள்ளினார். "இது பழசு. மட்ட கரன்ன தெயக் நே, நோனா" என்றார். அன்று வாக்குச்சாவடி அதிகாரி உன்னிடம் சொன்ன அதே வார்த்தை.

திரும்பி வரும் வழியில் ஏழாம் லயத்துக்குப் போனேன். உன் வீட்டுக்காரர் வாசலில் உட்கார்ந்து வாளி கழுவிக்கொண்டிருந்தார். உள்ளே உன் படத்தின் முன்னால் விளக்கு எரிந்தது. கார்டைக் கொடுத்துவிட்டேன் அண்ணே, வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்றேன். மிச்சத்தையும் சொல்லிவிடத்தான் போனேன். படிவத்தை எடுத்து, இதைப் படத்துக்கிட்ட வையுங்க, அவள் முதல் கையெழுத்து என்று கொடுத்துவிடத்தான் போனேன். கொடுத்தால் இது எப்படி உங்களிடம் என்று கேட்பார்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "சரிங்க தங்கச்சி. நீங்க செஞ்சா சரியாத்தான் இருக்கும். அவ எப்பவும் அப்பிடித்தான் சொல்லுவா" என்றார்.

அவர் போட்டுத் தந்த பிளேன்டீயைக் குடித்துவிட்டு வந்தேன். படிவம் அதே உள் ஜிப்பில் பத்திரமாக இருக்கிறது.