மதுரை மேடை

மாரிக்கண்ணன் அம்மாவுக்கு,

இங்கே நான் நலம். மகன் வீட்டில் உனக்கு நேரம் நன்றாகவே போகிறது போலும்.

நேற்று அவன் வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனி மேனேஜர் வந்தார்.

"அண்ணாச்சி, வர்ற வெள்ளிக்கிழமை மதுரையில உங்க கச்சேரி. காரு வாசலுக்கே வரும்."

"நாரைக்குப் பாடுறவன்னு கேலி பேசுனீகளே, இப்ப என்ன இம்புட்டு மரியாதை?" என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அதே வெள்ளிக்கிழமைதான் கலெக்டர் நம் ஊருக்கு வருகிறார். வெடிகளை வெடித்துப் பார்க்கக் கண்மாய்க் கரையைக் கம்பெனி கேட்கிறது. ஊரார் கருத்துச் சொல்ல வேண்டும். வெடிச் சத்தம் கேட்டால் நாரைகள் அங்கே கூடு கட்டாது. அதைக் கலெக்டர் முன்னால் நான் பாடப்போவது ஊருக்கே தெரியும்.

ஆனால் நானே கட்டிய பாட்டுகள் சாத்தூரைத் தாண்டியதில்லை, சாவதற்குள் மதுரையில் ஒரு மேடை ஏற வேண்டும் என்று உன்னிடம் மட்டும்தான் சொன்னேன். அது மேனேஜருக்கு எப்படித் தெரிந்தது? மகனிடம் சொன்னாயா? போன மாதம் அவனுக்குப் போர்மேன் வேலை எப்படிக் கிடைத்தது?

பதில் எழுதாதே. எழுதினால் அவன் சொல்லித்தந்து எழுதியதாகவே நினைப்பேன். வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் புறப்பட்டு வா. உன்மேல் சந்தேகம் தீரவில்லை. ஆனாலும் கார் வரும்போது நீ வாசலில் நிற்க வேண்டும். தனியாக இருந்தால் நான் ஏறிவிடுவேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்