பதிமூன்றாம் வீடு

செப். 28, ஞாயிறு

காலையில மூடுபனி. பத்து மணிக்கு மேலதான் எதிர்மலை தெரிஞ்சுச்சு. மழை இல்ல. தேயிலைத் தோட்டத்து வேலையை விட்டு ஏழு வருஷமாச்சு, இன்னும் நோட்டைத் திறந்தா கை மழையைத்தான் முதல்ல எழுதுது. கணக்கப்பிள்ளை புத்தி.

பூசைக்குப் போனேன். பாதர் மாசத்துல ரெண்டு ஞாயிறுதான் தோட்டத்துக் கோயிலுக்கு ஏறி வருவார். கூட்டம் குறைவு. பாதிப் பேர் கொழும்புல. ஒக்டோபர் மாசம் மாதா சுரூபம் வீடு வீடாப் போற லிஸ்டை உபதேசியார் சூசை வாசிச்சார். முப்பத்தொரு நாள், முப்பத்தொரு வீடு. லிஸ்டை எழுதிக் கொடுத்தது நான்தான். எழுத்து அழகா இருக்காம், அதனால வருஷா வருஷம் இந்த வேலை என் தலையில.

"பதிமூனு, பிலோமினா வீடு"ன்னு வாசிச்சுட்டு உப. நின்னுட்டார். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்புச்சு.

என் பொஞ்சாதி பிலோ செத்துப் பதினாலு மாசம். மாதாவை வாசல்ல நின்னு வாங்குறது வீட்டுக்காரி, அதனால லிஸ்ட்ல எப்பவும் பொம்பளைங்க பேர்தான். ஆனா பழைய லிஸ்டைப் பார்த்து நான் எழுதல. நினைவுல இருந்து எழுதினேன். எழுதும்போது ஒன்னும் தோணல.

பூசை முடிஞ்சதும் உப. வந்து, பேரை மாத்திடவான்னு மெதுவாக் கேட்டார். கிடக்கட்டும்னேன். கத்திட்டேன் போல. பாவம், மனுசன் ரெண்டடி பின்னால போய்ட்டார்.

ஒக். 12, ஞாயிறு

மத்தியானம் வரைக்கும் வெயில், மூனு மணிக்கு இடி.

செய்ய வேண்டியது:
– ஒட்டடை (செஞ்சாச்சு)
– முன்னறைத் தரை கழுவ (செஞ்சாச்சு. இடுப்புப் போச்சு)
– பெரிய மெழுகுதிரி 4
– சீனி, தேயிலை, பிஸ்கட்
– வெள்ளை விரிப்பு?

விரிப்பைத் தேடி ரெண்டு மணி நேரம். டிரங்குப் பெட்டி அடியில, பூச்சி உருண்டையோட, மடிப்புக் கலையாம இருந்துச்சு. இஸ்திரி போடப் போய் ஒரு மூலையைக் கருக்கிட்டேன். பிலோ இருந்தா இன்னைக்கு வீட்ல அடுப்பு எரிஞ்சிருக்காது. அவ தையல் மெஷினை மூடி, அது மேல விரிச்சு, கருகின மூலையைச் சுவத்துப் பக்கம் திருப்பிட்டேன். மாதாவுக்குத் தெரியும். மத்தவங்களுக்குத் தெரியாது.

ஒக். 13, திங்கள்

பகல்ல மப்பு. சாயங்காலம் தூறல்.

ஆறரைக்கு மாதா வந்தாங்க. கண்ணாடிப் பெட்டிக்குள்ள, பொலித்தீன் போர்த்தி. வாசல்ல நின்னு நான்தான் வாங்கினேன்.

இருபத்தோரு பேர். வாசல் முழுக்கச் செருப்பு. தரையில ரெண்டு அட்டைப் பூச்சி நெளியுது. குசினிக்குள்ள நாலு பொம்பளைங்க பூந்து பிளேன்டீ ஊத்தினாங்க. "சீனி எங்கண்ணே?"ன்னு ஒருத்தி கேட்டா. அரை மணி முன்னாடி நானே வாங்கி வச்ச சீனி, எங்க வச்சேன்னு தெரியல. எல்லாரும் சிரிச்சாங்க. இந்த வீட்ல சிரிப்புச் சத்தம் கேட்டு எவ்வளவு நாளாச்சு!

சவரியம்மா மட்டும் உள்ள வரல. வாசல்ல குடையோட நின்னே ஜெபமாலை முழுசும் சொன்னா. கீழ் லயத்து வரிசை வீட்டுக்காரி. நாளைக்கு மாதா போக வேண்டிய பதினாலாம் வீடு அவ வீடுதான்.

என் வீட்டுப் படி ஏறமாட்டா. பதினெட்டு வருஷமா. ஒரு நாள் காலையில, வேலைக்குப் பேர் கூப்பிடுற பெரட்டுக்கு லேட்டா வந்தா. மகள் ரீட்டாவுக்குக் காய்ச்சல், மருந்துக்குத் தூக்கிட்டுப் போயிருந்தாளாம். அப்ப பிள்ளைக்கு ஆறு வயசு. பேர் கூப்பிட்டு முடிஞ்சிருச்சு, இன்னைக்கு வேலை இல்ல போன்னு நூறு பேருக்கு முன்னால திருப்பி அனுப்பிட்டேன். சட்டம் அப்படி. பிலோ ஒரு வாரம் சோத்தைப் போட்டு வச்சுட்டுப் பேசாம போனா. அதுக்கும் சட்டம் அப்படின்னேன்.

எட்டு மணிக்கெல்லாம் கலைஞ்சுட்டாங்க. தட்டு, கோப்பை எல்லாம் கழுவி வச்சுட்டுத்தான் போயிருக்காங்க. வீட்ல இப்ப மாதாவும் நானும். நல்லாத் தூக்கம் வருது.

ஒக். 14, செவ்வாய்

கொட்டுது. விடியக்காலையில இருந்து ஒரே பிடி. கான், வாய்க்கால் எல்லாம் நிரம்பி ஓடுது. மண்சரிவு எச்சரிக்கைன்னு கிராம சேவகர் ஒலிபெருக்கியில சொல்லிட்டுப் போனார். கீழ் லயத்துக்குப் போற ஓடைப் பாலத்துக்கு மேல தண்ணி.

உப. போன் பண்ணினார். ஞாயித்துக்கிழமை வரைக்கும் யாரும் ஒன்னு கூட வேணாமாம், அவங்கவங்க வீட்ல சொல்லிக்கிறதாம். மழை விட்டதும் மாதாவை நானே சவரியம்மா வீட்ல ஒப்படைக்கணுமாம், ஞாயிறு வரைக்கும் அங்கேயே இருக்கட்டுமாம். சரின்னேன்.

சாயங்காலம் ஜெபமாலையை எடுத்தேன். நேத்து ஆட்கள் சொன்னதை விட்டா, பதினாலு மாசத்துக்குப் பிறகு. ஒரு ஆள் முதல் பாதி சொல்லணும், மத்தவங்க மறுபாதி சொல்லணும், அப்படித்தான் எங்களுக்குப் பழக்கம். வீட்ல நான் முதல் பாதி, பிலோ மறுபாதி. முப்பத்தஞ்சு வருஷம். எனக்கு மறுபாதி வாயில வராது, கூட்டத்தோட முணுமுணுத்ததோட சரி, தனியாச் சொன்னதே இல்லயே.

"அருள் நிறைந்த மரியே" சொன்னேன். நிறுத்தினேன். அவ "புனித மரியே"ன்னு ஆரம்பிச்சு "ஆமென்" சொல்ற நேரத்தை விட்டுட்டு அடுத்த மணிக்குப் போனேன். இப்படியே கடைசி வரைக்கும். பதில் கேட்டுச்சுன்னு சொல்லல, எனக்கொன்னும் பைத்தியம் இல்ல. ஆனா நேரம் சரியா இருந்துச்சு.

ஒக். 15, புதன்

பத்து மணிக்கு மழை விட்டுச்சு. மத்தியானம் லேசா வெயில்.

ஓடைப் பாலத்தைப் போய்ப் பார்த்தேன். தண்ணி இறங்கிருச்சு. பள்ளிக்கூடப் பிள்ளைங்க செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டுத் தாண்டிப் போகுதுங்க. பார்த்துட்டுத் திரும்பி வந்தேன்.

மூனு மணிக்கு உப. போன். ஒப்படைச்சாச்சான்னு. பாதை வழுக்குது, கண்ணாடிப் பெட்டி, கை தவறினா என்ன ஆகும், நாளைக்குப் பார்ப்போம்னேன். அதுவும் சரிதான்னு சொல்லிட்டார். நான் சொன்னா நம்புவாங்க. முப்பத்திரண்டு வருஷம் மலையும் பாதையும் பார்த்த ஆள்.

பொய்தான். எழுதி வைக்கிறேன்.

பருப்பு, கத்தரிக்காய் ஆக்கினேன். ரெண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன். சாப்பிடும்போது மாதாகிட்டப் பேசினேன். மரக்கறி விலை, கூரைத் தகரம் ஒழுகுறது, கருகின மூலை எல்லாம். வேற யார்கிட்டச் சொல்ல? கட்டாரில இருந்து ஸ்டெல்லா கூப்பிட்டா. "அப்பா, குரல் இன்னைக்குத் தெளிவா இருக்கே"ன்னா. மகளுக்குக் கூடத் தெரிஞ்சிருக்கு.

ஒக். 16, வியாழன்

காலையில பனி. மத்தியானம் தெளிவு. ஐஞ்சு மணிக்குத் தூறல்.

மெழுகுதிரி தீர்ந்துருச்சு. ஹல்துமுல்லைக்கு பஸ்ல போனேன். முஸ்லிம் அண்ணன் ஒருத்தர், நாங்க நானான்னு கூப்பிடுவோம், அவர் கடையில கூட்டமில்ல. நானா திரியைச் சுத்திக் கொடுத்துக்கிட்டே, உங்க தோட்டத்துச் சவரியம்மாவும் நேத்து இதேதான் வாங்கிட்டுப் போனாங்கன்னார். மகள் ரீட்டாவைப் பதுளை ஆஸ்பத்திரியில வச்சிருக்காங்களாம். எட்டாம் மாசம், பிரஷர் கூடி, கை கால் வீக்கம். மருமகன் கொழும்புல வேலை, லீவு கிடைக்கல. "எங்க மாதா வீட்டுக்கு வரட்டும்னு காத்துக்கிட்டிருக்கேன் நானா, வந்ததும் அவங்ககிட்டச் சொல்லிட்டுத்தான் பதுளைக்குப் போவேன்"னு சொன்னாளாம். அவரும் பள்ளியில தொழும்போது துஆ கேட்கிறதாச் சொன்னாராம்.

திரும்பி வர்ற வழியெல்லாம் அதே நினைப்பு. அதே பிள்ளை. காய்ச்சல்னு சொல்லியும் நான் காதுல வாங்காத அதே பிள்ளை.

சாயங்காலம் குடுத்துடணும்னு பெட்டி மேல பொலித்தீனைக் கூடப் போர்த்திட்டேன். தூறல் விழுந்துச்சு. எடுத்துட்டேன்.

தூறலுக்கு எந்தக் கணக்கப்பிள்ளை வேலையை நிறுத்துவான்? பொம்பளைங்க சாக்கைத் தலையில போட்டுக்கிட்டுக் கொழுந்து எடுக்கும்போது நான் ஒரு நாள் நிறுத்தினதில்ல. இன்னைக்கு நிறுத்தினேன்.

இன்னும் ஒரு நாள், அவ்வளவுதான்னு மாதாகிட்டச் சொன்னேன். அவங்க மூஞ்சியைப் பார்க்கல.

ஒக். 17, வெள்ளி

பகல் முழுக்க நசநசன்னு மழை. துணி காயல.

ஆறரை. திரியை ஏத்திட்டு ஆரம்பிச்சேன். ஒரு மணி சொல்லி நிறுத்தினேன். ரெண்டாவது மணி சொல்லி நிறுத்தினேன். அப்ப வாசல்ல இருந்து ஒரு குரல், "புனித மரியே, இறைவனின் தாயே"ன்னு.

உசுரே போய் வந்துச்சு. திரும்பினா சவரியம்மா. நனைஞ்ச குடை, காலெல்லாம் சேறு. ஆனா படி ஏறி, நிலைக்கு உள்ளே நிக்கிறா.

அவ நிறுத்தல, அதனால நானும் நிறுத்தல. நான் முதல் பாதி, அவ மறுபாதி. முழு ஜெபமாலையும். முடிச்சதும் குடையைச் சுவத்துல சாத்தி வச்சா.

பிறகு சொன்னா, "தாயைக் கொண்டு போக வந்தேன். மகளுக்கு நாளைக்கு ஆபரேஷன்."

"பாதை சரியாத்தான் இருந்துச்சு. நான்தான் கொண்டு வரல"ன்னேன்.

"தெரியும் ஐயா. தெனம் நானும் அந்தப் பாலத்தாலதானே கடைக்குப் போறேன்."

தெரிஞ்சும் ரெண்டு நாள் ஏன் வரலன்னு கேட்டேன். இந்தப் படி ஏறக்கூடாதுன்னு பதினெட்டு வருஷமா வைராக்கியம், அதை விட மனசு வரலன்னா. பிறகு தையல் மெஷினைப் பார்த்தா. "லிஸ்ட்ல பிலோ அக்கா வீடுன்னு போட்டிருந்துச்சு. உங்க பேர் போட்டிருந்தா இன்னைக்கும் ஏறியிருக்க மாட்டேன்."

அன்னைக்குத் திருப்பி அனுப்பினது தப்புன்னு சொன்னேன். சொல்லிட்டேன். அவ மன்னிச்சேன்னு சொல்லல. பெட்டியைத் தூக்குங்க, இருட்டுதுன்னா.

தூக்கிட்டு இறங்கினேன். குடையை மாதாவுக்குத்தான் பிடிச்சுக்கிட்டு வந்தா. நான் தொப்பலா நனைஞ்சேன். நியாயம்தான்.

அவ வாசல்ல, நான் கொடுக்க அவ வாங்கினா. "வீட்ல யார்கூடச் சொல்லுவ?"ன்னு கேட்டேன்.

"புருசன் போனதுல இருந்து ரெண்டு பாதியும் நானேதான். நீங்க ஏன் பாதியோட நிறுத்துறீங்க?"

வந்துட்டேன். வீடு ரொம்பப் பெரிசா இருக்கு.

ஒக். 18, சனி

விடியக்காலையில நல்ல குளிர். மழை இல்ல. மேல் லயத்துல தீபாவளிக்கு முறுக்கு சுடுற வாசம். வெடியும் ஆரம்பிச்சுட்டாங்க.

ஆறு மணிக்குச் சவரியம்மா வந்தா, பதுளை பஸ்ஸுக்குப் போற வழியில. இந்தத் தரம் வாசலோட நின்னுட்டா. வீட்டுச் சாவியைக் கையில கொடுத்தா. சாயங்காலம் திரி ஏத்தி வைங்க, மணி சொல்லுங்க, சங்கதி இருந்தா போன் பண்றேன்னா. வேற யாரையும் கேட்டிருக்கலாம். என்னைக் கேட்டா.

ரெண்டு மணிக்குப் போன். பொம்பளைப் பிள்ளை. ரீட்டா கண் முழிச்சுட்டா. பிள்ளை ரொம்பச் சிறிசு, மூச்சு விடக் கஷ்டப்படுது, கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருக்காங்களாம். இன்னைக்கு ராத்திரி தாண்டணும்னு டாக்டர் சொன்னாராம். சொல்லும்போது அவ குரல் உடைஞ்சுச்சு. நான் சரி, சரின்னு மட்டும் சொன்னேன். மக்கு மாதிரி.

வெள்ளை விரிப்பை எடுத்துக்கிட்டுப் போனேன். அவ வீட்ல மாதாவை ஒரு ஸ்டூல் மேல வச்சிருந்தா. கீழே விரிச்சேன். கருகின மூலை முன்னாலதான் வந்துச்சு, மாத்தல.

ஆறரைக்கு மறுபடி மழை. உப. ஞாயிறுன்னு சொல்லியிருந்ததால யாரும் வரல. முதல் மணி. பாதி சொல்லி நிறுத்தினேன், பழக்கதோஷம். தகரத்துல மழைச் சத்தம். அந்தப் பக்கம் யாரும் இல்ல. பிலோவும் இல்ல. அங்க ஒரு பிள்ளை மூச்சுக்குத் தவிக்குது, நான் இங்க பாதிப் பாதியா விட்டுக்கிட்டு இருந்தா எப்படி?

"புனித மரியே"ன்னு ஆரம்பிச்சேன். ரெண்டு இடத்துல தடுமாறினேன். அழுதேன், எழுதுறதுக்கு என்ன வெட்கம். நிறுத்தல.

ஐம்பத்துமூனு மணி. ரெண்டு பாதியும் நானே.

போன் இன்னும் வரல.