டயர் பற்றி எழுதியதில் ஒரு திருத்தம்

நகரி,
30.11.2025, ஞாயிறு.

அன்புள்ள தரணிக்கு,

நைனா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலமாக இருக்கிறோம். நீயும் நலம்தான் என்பதை, நேற்று போனில் உன் குரலில் சளி கட்டவில்லை என்பதை வைத்து முடிவு செய்துகொண்டோம். மழை இந்த வருடம் குறைவில்லை, ஏரி நிரம்பி வழிந்து கோடி போகிறது. அம்மாவின் எட்டுத் தறிகளும் கரண்ட் இருக்கிற நேரமெல்லாம் ஓடுகின்றன. இதை வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கலாம், ஆனால் நீ வேலைக்கு நடுவில் பாதி படித்துவிட்டு ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். தவிர, தவறு எந்தப் பக்கத்தில் வந்ததோ அந்தப் பக்கத்தில்தான் திருத்தமும் வர வேண்டும் என்று முப்பத்துநான்கு வருடமாக எங்கள் பத்திரிகை ஆபீசில் சண்டை போட்டவன் நான். ஜூன் மாதம் உனக்குக் கடிதத்தில் ஒன்றைத் தவறாக எழுதினேன், அதனால் இதுவும் கடிதம். படிக்கிறபோது பயப்படாமல் இருக்க முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு இப்போது ஒன்றும் இல்லை. உன் வண்டிக்குப் புது டயர் இரண்டும் போட்டாகிவிட்டது.

நீ அயர்லாந்து போன முதல் குளிர்காலத்தில் காய்ச்சலோடு பதினொரு நாள் தனியறையில் கிடந்தபோது அம்மா வேண்டிக்கொண்டது உனக்குத் தெரியும், மகள் பிழைத்து எழுந்தால் அவள் வண்டியிலேயே பின்னால் உட்கார்ந்து திருப்பதி மலைக்கு வருகிறேன் என்று. அந்த பைக்கை நீ வாங்கிய நாளில் “பொம்பளப் புள்ளைக்கு எருமை கணக்கா ஒரு வண்டியா” என்று மூன்று நாள் உன்னோடு பேசாமல் இருந்தவளும் அவள்தான். வரப்போகிற பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று நீ சொன்னதிலிருந்து அவள் தனக்கென்று ஹெல்மெட் வாங்கி, மதியம் தறி நிற்கிற நேரத்தில் கொட்டகையில் நிற்கும் வண்டியின் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து பழகிக்கொண்டிருந்தாள். டயர் எப்படி இருக்கிறது என்று நீ கேட்டிருந்தாய். நான் கொட்டகை வாசலில் நின்று பார்த்தேன். மேலே இருக்கிற ரப்பர் பட்டன்கள் எல்லாம் ஆழமாக, கருப்பாகத் தெரிந்தன. புதிது போல இருக்கின்றன என்று எழுதிவிட்டேன். நான் எழுதியதை நம்பியது நீ மட்டும் இல்லை, அம்மாவும் நம்பினாள்.

அக்டோபர் முப்பதாம் தேதி, வியாழக்கிழமை காலை, குணாவைக் கூப்பிட்டு “என்ன ஒரு ரவுண்டு இட்டுனு போடா, ஓடற வண்டியில எப்டி கீதுன்னு பாக்கறேன்” என்றிருக்கிறாள். தறிகளுக்கு ரிப்பேர் பார்க்கிற அதே குணாதான், வாரம் ஒருமுறை உன் வண்டியை ஸ்டார்ட் செய்து வைக்கிறவன். நன்றாகத்தான் ஓட்டுவான். தூறல். ரயில்வே கேட்டைத் தாண்டும்போது பின் சக்கரம் தண்டவாளத்தின் மேல் ஒரு முழம் பக்கவாட்டில் போய்விட்டது. அவன் காலை ஊன்றி வண்டியைச் சாயாமல் பிடித்துவிட்டான், அம்மா மட்டும் விழுந்துவிட்டாள். வலது முழங்கையில் தோல் வழன்றது, இடுப்பில் அடி. எக்ஸ்ரேயில் எலும்புக்கு ஒன்றும் இல்லை. கட்டுப் போட்டுக்கொண்டு வந்தவள் சொன்ன முதல் வார்த்தை, “தரணிகிட்ட சொல்லிடாதீங்க, வண்டிய வித்துடச் சொல்லுவா, அப்பறம் என் வேண்டுதலு இன்னா ஆவறது” என்பதுதான். நான் ஒரு மாதம் சொல்லவில்லை. மறைப்பதற்காக மட்டும் இல்லை, ஏன் வழுக்கியது என்று தெரியாமல் சொல்ல எனக்கு வரவில்லை.

குணா “தண்டவாளம் நனஞ்சா எல்லா வண்டியும்தான் சார் வழுக்கும்” என்றான். அது உண்மையா என்று பார்க்க, அடுத்த தூறல் காலையில் குடையோடு கேட் பக்கத்தில் போய் நின்றேன். ஏழிலிருந்து எட்டு மணிக்குள் நூற்று நாற்பத்துமூன்று இரு சக்கர வண்டிகள் தாண்டின. கேட்மேன் வந்து “இன்னா சார், ரயில்வே மேல எதுனா எழுதப் போறியா, எங்க வேலைக்கு வேட்டு வெச்சிடாத” என்று விசாரித்துவிட்டுப் போனார். மூன்று வண்டிகள் வழுக்கின. மூன்றையும் நிறுத்தி டயரைக் குனிந்து பார்த்தேன், மூன்றும் மொட்டை. ஒருவர் “டயரு வழுக்குது, நீ எதுக்கு சார் மொறைக்கிற” என்று திட்டிவிட்டுப் போனார். உன் டயர் மொட்டை இல்லை. பட்டன் ஆழமாக இருக்கிற டயர் ஏன் மொட்டை டயர் போல நடந்துகொண்டது என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

சித்தூரில் ஆதிநாராயணன் என்று ஒருவர் இருக்கிறார். பஸ் டிப்போவில் முப்பத்தோரு வருடம் டயர் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர், பழைய பழக்கம். போட்டோ அனுப்பினேன். “டயரு போட்டோவுல சிரிக்கும் சார், கையிலதான் அழும், சக்கரத்த எட்துனு வாங்க” என்றார். குணா பின் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்தான். பஸ்ஸில் அதைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு போனேன், கண்டக்டர் அதற்கும் ஒரு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். ஆதிநாராயணன் பட்டன்களைப் பார்க்கவே இல்லை. பக்கவாட்டில் பொறித்திருந்த நான்கு எண்களைத் தேடி, என் விரலைப் பிடித்து அதன் மேல் வைத்தார். 3119. இரண்டாயிரத்துப் பத்தொன்பதாம் வருடத்தின் முப்பத்தோராவது வாரம் செய்த டயர் என்று அர்த்தம். பிறகு கட்டைவிரல் நகத்தால் ரப்பரை அழுத்தினார், நகம் பதியவில்லை. பக்கச் சுவரை இரண்டு கையாலும் வளைத்தார். மயிரிழை மயிரிழையாக வெடிப்புகள் திறந்துகொண்டன. ஆறு வயதில் ரப்பர் இறுகும்தான், ஆனால் இவ்வளவு வெடிக்காதே, வண்டியை எங்கே நிறுத்தியிருந்தீர்கள் என்று கேட்டார். வெயில் படாமல், மழை படாமல், தறிக் கொட்டகையில் சுவரோரமாக, மேலே துணி போர்த்தி என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். “தறின்னா மோட்டார் இருக்கும்ல? எத்தினி மோட்டாரு?” என்றார். எட்டு என்றேன். தலையில் அடித்துக்கொண்டார், என் தலையில் இல்லை, அவர் தலையில்.

விஷயம் இதுதான் கண்ணு. மோட்டார் ஓடுகிற இடத்தில், சுவிட்சில் பொறி விழுகிற இடத்தில் காற்றிலேயே ஒரு மாற்றம் வருகிறதாம். ஓசோன் என்று நீ படித்திருப்பாய். “அந்தக் காத்து ரப்பரத் துன்னும் சார், டிப்போவுல நாங்க வெல்டிங் மிஷின் பக்கத்துல ஒரு டயரு கூட வெக்க மாட்டோம்” என்றார். நான் உடனே நம்பவில்லை. வீட்டுக்கு வந்து, கொட்டகையில் நின்றுகொண்டிருந்த முன் சக்கரத்தை டார்ச் அடித்துப் பார்த்தேன். அதன் ஒரு பக்கம் மோட்டார்களைப் பார்த்து, மறு பக்கம் சுவரைப் பார்த்து நாலு வருடம் நின்றிருக்கிறது. ஓர் அங்குல அளவு ஸ்கேலால் குறித்துக்கொண்டு எண்ணினேன். சுவர்ப் பக்கம் ஒன்பது வெடிப்பு, மோட்டார்ப் பக்கம் இருபத்தாறு. எல்லாப் பழியும் மோட்டாருக்கே இல்லை என்று ஆதிநாராயணனே சொன்னார். வயது, ஓடாமல் ஒரே இடத்தில் நின்றது, காற்று குறைந்தது எல்லாம் சேர்ந்ததுதான். ஆனால் வீட்டிலேயே பத்திரமான இடம் என்று நான் தேர்ந்தெடுத்த இடம் அது. அம்மாவிடம் சொன்னேன். எட்டு மோட்டாரையும் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, “இதுங்களுக்குத்தான் தினம் கற்பூரம் காட்டிக்கினு இருந்தனா” என்றாள்.

அப்புறம் என்ன டயர் போடுவது என்ற கேள்வி. இருநூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டிக்கு மொபெட் டயர் வாங்குவது போல வாங்க முடியாது என்பதால் ஒரு வாரம் இதையே படித்தேன். டயரின் மேல் ஒரு எண் அது தாங்கும் எடையைச் சொல்கிறது. கணக்குப் போட அம்மாவின் எடை வேண்டியிருந்தது. அறுபது என்றாள். நூல் மூட்டை போடுகிற தராசில் நிற்கச் சொன்னேன், அறுபத்தாறு. “தராசு ரிப்பேரு” என்று அவளும், “காலைலதான்மா நூலு நிறுத்தோம்” என்று குணாவும் வாதாடினார்கள். நான் தராசு சொன்னதையே எழுதிக்கொண்டேன். நீ, அம்மா, வண்டி, இரண்டு ஹெல்மெட், உன் பை எல்லாம் சேர்த்தாலும் டயர் தாங்கும் அளவுக்குள்தான் வருகிறது.

பழைய டயரில் பத்தடி கூட ஓட்ட வேண்டாம் என்று வண்டியைக் குட்டியானை வேனில் ஏற்றித் திருப்பதி கொண்டுபோனோம். போன திங்கட்கிழமை. ரேணிகுண்டா ரோட்டில் வெங்கட் என்பவர் கடை. அவர் தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு “அண்ணா, அகலம் நூத்தி முப்பது எதுக்கு, நூத்தம்பது போட்றலாம், வெனகாலருந்து பாத்தா கும்முன்னு இருக்கும்” என்றார். பின்னாலிருந்து யார் பார்ப்பார்கள் என்று கேட்டேன். “நம்ம ஓவர்டேக் பண்றவங்க அண்ணா” என்றார். பின்னால் என் மனைவி உட்காரப் போகிறாள், அவளைத் தாண்டி யாருக்கும் டயர் தெரியாது என்றேன், கடையே சிரித்தது. அதே ரிம்மில் அகல டயரைத் திணித்தால் அதன் வடிவம் பிதுங்கி மாறும், மலைப் பாதையின் வளைவுகளில் வண்டி சாய மறுக்கும் என்று படித்திருந்தேன், கேட்டதும் அவரும் ஒத்துக்கொண்டார். பிறகு மண் ரோட்டுக்கான கட்டம் கட்டமான டயரைக் காட்டினார். பார்க்க ஆசையாகத்தான் இருந்தது, தார் ரோட்டில் ஈர வளைவில் அதற்கு வேலை இல்லை.

மிச்சம் இரண்டு. ஒன்று கெட்டி ரப்பர், இருபத்தைந்தாயிரம் கிலோமீட்டர் வரும் என்றார். இன்னொன்று கொஞ்சம் மிருதுவானது, ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும், ஆனால் பன்னிரண்டாயிரத்தில் தேய்ந்துவிடும். யாராக இருந்தாலும் முதல் டயரைத்தான் எடுப்பார்கள், நானும் அதன் மேல் கை வைத்துவிட்டேன். அப்போது வெங்கட் சாதாரணமாக, வருடத்துக்கு எவ்வளவு ஓடும் அண்ணா என்று கேட்டார். யோசித்தேன். நீ வருகிறபோது மூன்று வாரம். அதுவும் எல்லா வருடமும் இல்லை. பன்னிரண்டாயிரம் ஓட உனக்கு எத்தனை விடுப்பு வேண்டும் என்று அங்கேயே நின்று கணக்குப் போட்டேன், விடை எனக்குப் பிடிக்கவில்லை. உன் வண்டியின் டயர் ஓடித் தேயப் போவதில்லை, நின்று நின்றே வயதாகப் போகிறது. அப்படியானால் ஓடுகிற அந்த மூன்று வாரத்தில் எது நன்றாகப் பிடிக்குமோ அதுதான் சரி. மிருதுவானதையே எடுத்தேன், முன்னும் பின்னும் ஒரே கம்பெனி, ஒரே ரகம், பழைய அளவு, ட்யூபும் புதிது. கடைப் பையன்கள் கொண்டுவந்த முதல் ஜோடியில் தேதி பார்த்தேன், மூன்று வருடம் பழையது. பழைய செய்தியைப் புதுப் பேப்பரில் போடாதீர்கள் என்று திருப்பிக் கொடுத்தேன். வெங்கட் “எப்பா, சாருக்கு டயரு பாஷை தெரிஞ்சுபோச்சு” என்று உள்ளே போய் வேறு கொண்டுவந்தார். 3225, இந்த ஆகஸ்டில் செய்தது. டயரில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருக்கிறது, இரண்டும் சரியாகத்தான் மாட்டியிருக்கிறது.

திரும்பும்போது குணா தனியாக ஓட்டி வந்தான், நான் குட்டியானையில் பின்னாலேயே பார்த்துக்கொண்டு வந்தேன். புது டயரின் மேல் ஒரு வழவழப்பு இருக்கும், முதல் நூற்றைம்பது கிலோமீட்டர் நிதானமாக ஓட்டினால்தான் அது போகும். ஐம்பத்தெட்டு ஓடியிருக்கிறது. மீதியை நீ வந்து தனியாக ஓட்டு, புத்தூர் வரை மூன்று நடை போய் வந்தால் போதும். அதற்கு முன் அம்மா எவ்வளவு கெஞ்சினாலும் ஏற்றாதே. கட்டுப் பிரித்த மறுநாளே அவள் மறுபடி சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். பயம் இல்லையா என்று கேட்டேன். “பயம் கீது, அதுக்காவ பஸ்ஸுலயா போய் சாமிகிட்ட வண்டில வந்தேன்னு பொய் சொல்றது” என்றாள்.

வண்டி இப்போது கொட்டகையில் இல்லை. என் எழுதுகிற அறையைக் காலி செய்து அங்கே நிறுத்தியிருக்கிறோம், மோட்டாரும் இல்லை, வெயிலும் இல்லை. முப்பத்துநான்கு வருடப் பேப்பர் கட்டுகள் கொட்டகைக்குப் போய்விட்டன. மேஜைக்கும் இடம் இல்லாததால் இதை உன் வண்டி சீட்டின் மேல் அட்டை வைத்து எழுதுகிறேன், உயரம் சரியாகவே இருக்கிறது. ஞாயிறுதோறும் காற்றுப் பார்த்து, சக்கரத்தைக் கொஞ்சம் உருட்டி வைக்கிறேன். அங்கே குளிரில் பட்டினியாக வேலைக்கு ஓடாதே, காலையில் சூடாக ஏதாவது துன்னுவிட்டுப் போ என்று அம்மா அவள் வார்த்தையிலேயே எழுதச் சொன்னாள்.

மலை மேல் இருப்பவர் உன்னை நோயின்றி, குறையின்றிக் கொண்டுவந்து சேர்க்கட்டும், உனக்கு எங்கள் ஆசி. ஒன்று மட்டும் மறக்காதே. மலைக்குப் போகிற அன்று காலை வண்டி சூடாவதற்கு முன் காற்று முன்னால் முப்பத்திரண்டு, பின்னால் முப்பத்தாறு. அம்மாவை ஏற்றுவதற்கு முன் நைனா பார்த்துவிட்டார் என்று விட்டுவிடாமல், நீயே குனிந்து, உன் விரலால் இரண்டு டயரையும் சுற்றித் தொட்டுப் பார்.

திருத்தம்: ஜூன் 8 தேதியிட்ட கடிதத்தில், டயர் இரண்டும் புதிது போல இருக்கின்றன என்று வந்திருந்தது. அவை ஆறு வயதானவை, வெடித்தவை. எழுதியவர் வாசலில் நின்று பார்த்தார், குனிந்து பார்க்கவில்லை. தவறுக்கு வருந்துகிறேன்.

உன் நைனா,
மோகன்ராஜ்