ரூபி டீச்சரின் விதிகள், வேறொருவரின் போட்டோ

என் தங்கமே, ரூபிம்மா,

நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது. ஏன் இத்தனை நாள் எழுதவில்லை என்று கேட்பாய். எழுதினால் ஊர் படிக்கும், ஊர் படித்தால் பள்ளிக்கூடம் படிக்கும், உன் பிள்ளைகள் முப்பத்திரண்டு பேருக்கும் வம்பு வரும். போன வாரம்தான் கடைசிப் பிள்ளைக்கும் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் கைக்கு வந்தது. அந்தப் பள்ளியில் பத்தோடு சரி, எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். இனி யாரும் அவர்களை ஒன்றும் செய்ய முடியாது. அதனால் உன் மாமன் பேனாவை எடுத்துவிட்டேன்.

நான் ஆறாவதோடு நின்றவன் என்பது உனக்குத் தெரியும். கும்மிடிப்பூண்டியில் ஸ்பானிஷ் பேசுகிற ஒரே ஆண்பிள்ளை நான்தான் என்று டீக்கடையில் சொல்லி வைத்திருப்பதும் தெரியும். எனக்குத் தெரிந்தது மொத்தம் பதினோரு வார்த்தை, எல்லாம் நீ பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தது. நான் எதைச் சொன்னாலும் "மாமா, பாதியக் கொறச்சிக்கோ" என்பாயே, இந்தக் கடிதத்தில் நானே குறைத்துக்கொள்கிறேன். ஒன்றிரண்டு இடத்தில் கை மீறினால் பொறுத்துக்கொள்.

தொழிற்பேட்டையில் கார் பாகம் செய்யும் ஸ்பெயின்காரன் கம்பெனியில் நீ ஆபீஸ் வேலை பார்த்தாய். அவர்களே உன்னை அந்தப் பாஷை படிக்க வைத்தார்கள். பிறகு, தொழிலாளிகளின் பிள்ளைகளும் படிக்கட்டும் என்று நம் பள்ளியில் வகுப்பு ஆரம்பித்து உன்னை டீச்சராக அனுப்பினார்கள். நான் அதே பள்ளியின் பஸ் டிரைவர். நம் குடும்பத்தில் உன் அம்மாவரைக்கும் எல்லாரும் நாற்று நட்டவர்கள். நீ சேலை மடிப்பு கலையாமல் பஸ்ஸில் ஏறுவதைப் பார்க்க நான் கண்ணாடியைத் திருப்பி வைத்துக்கொண்டு ஓட்டினேன்.

முதல் நாள் நீ ஒரு வெறும் பலகையைத் தூக்கிக்கொண்டு போனாய். தேய்த்து வெள்ளை அடித்துக் கொடுத்தது நான். பெயிண்ட் என் காசு என்று ஊரில் சொல்கிறேன், கம்பெனியில் மிச்சமானது என்பது நமக்குள் இருக்கட்டும். மற்ற டீச்சர்கள் விதியை எழுதிக்கொண்டு போய் ஒட்டுவார்கள். நீ பிள்ளைகளைப் பார்த்து, "இந்த ரூம்ல எப்டி இருக்கணும்னு நீங்களே சொல்லுங்க" என்று கேட்டாயாம். அவர்கள் சொல்லச் சொல்ல எழுதினாய். தினம் ஒரு கேள்வியை வகுப்பே சேர்ந்து தீர்மானிக்கும். உள்ளே வருகிற எவரும் வாசலில் நின்று அதற்கு ஸ்பானிஷில் பதில் சொல்லித்தான் காலை வைக்க வேண்டும். பதில் தெரியாதவருக்குக் கேட்டவரே காதில் சொல்லித் தர வேண்டும், அவர் அதை உரக்கச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னாலும் ஒருத்தரும் சிரிக்கக் கூடாது. டீச்சருக்கும் இதே விதி, வெளியாளுக்கும் இதே விதி. கீழே முப்பத்திரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள், கடைசியில் நீ போட்டாய்.

இப்போது அந்த ஆளுக்கு வருகிறேன். துணை முதல்வர் தனசேகர். ஆசிரியர்கள் அறையில் எல்லார் முன்னாலும் உன்னைக் கேட்டார்: "இன்னாமா ரூபி, பசங்கள வாசல்ல மடக்கிக்கினு கீற? இது இன்னா எளாவூர் செக்போஸ்ட்டா? லாரிக்கு பில்லு பாக்கறியா?" அறையே சிரித்ததாம். நீ சாயங்காலம் பஸ்ஸில் அதை என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். ஆனால் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாய். அன்றைக்கே அவர் பெயரை நான் மனசில் குறித்துக்கொண்டேன்.

பிறகு டெங்கு வந்தது. ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் காய்ச்சலோடு நீ கேட்டாய், "மாமா, இன்னிக்கி வாசல்ல யாரு கேள்வி கேட்டாங்க?" நசீமா என்று சொன்னேன். அது பொய், ரூபிம்மா. அன்றைக்கு உன் அறையில் கணக்குப் பாடம் நடந்தது. பப்ளிக் பரீட்சையில் இதற்கு மார்க் கிடையாது என்று சொல்லி, நீ படுத்த மறுநாளே தனசேகர் உன் வகுப்பை எடுத்துக் கணக்குக்குக் கொடுத்துவிட்டார். நீ ஐந்தாம் நாள் போய்விட்டாய். உன்னை அடக்கம் செய்துவிட்டு நான் வேலைக்குத் திரும்பியபோது பலகை சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் சேற்றில் கிடந்தது. கோணியில் சுற்றி பஸ்ஸின் கடைசி சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டேன். அவருடைய வண்டி டயருக்கு என்று மூன்று அங்குல ஆணியும் எடுத்து வைத்தேன். அடிக்காமல் விட்டது நல்லவன் என்பதால் அல்ல. டயரை அவர் மாற்றிக்கொள்வார், அது போதாது என்று தோன்றியது.

பொங்கல் முடிந்ததும் கம்பெனியின் புது மேலாளர் அம்மா ஸ்பெயினிலிருந்து வகுப்பைப் பார்க்க வருகிறார் என்று செய்தி வந்தது. இரண்டே நாளில் கணக்கு வெளியே போனது, ஸ்பானிஷ் உள்ளே வந்தது. வாசல் பக்கத்தில் ஒரு பிளெக்ஸ். உன் விதிகள் அப்படியே, உன் பழைய நோட்டிலிருந்து ஒரு வரி விடாமல் எடுத்தது. கையெழுத்துகள் மட்டும் இல்லை. அந்த இடத்தில் தனசேகர், கோட்டுப் போட்ட போட்டோவோடு. மேலே "எனது வகுப்பறை விதிகள்" என்று கொட்டை எழுத்து. செத்தவளிடம் திருடினால் யார் கேட்பது என்ற தைரியம்தானே?

அன்று காலை பஸ்ஸில் பிள்ளைகள் குசுகுசுவென்று பேசிக்கொண்டு வந்தார்கள்.

"இன்னா நசீமா, இன்னா ரகசியம்?" என்றேன்.

"ஒன்னுமில்ல மாமா. இன்னிக்கி கேள்வி."

"எனக்குச் சொல்லேன்."

"ஒங்களுக்குச் சொன்னா டீக்கட வரைக்கும் போயிடும்."

நான் தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு வராந்தாவில் போய் நின்றேன். மேலாளர் அம்மாவும் தனசேகரும் வாசலருகே நின்று பார்க்க, பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். நசீமா கேட்டாள், அவர்கள் பதில் சொன்னார்கள், உள்ளே போனார்கள். எல்லாருக்கும் ஒரே பதில், அதில் உன் பெயர் மட்டும் எனக்குப் புரிந்தது. அந்த அம்மாவையும் நசீமா நிறுத்தினாள். அத்தனை பேர் சொன்னதைக் கேட்டிருந்தும், அவர் விளையாட்டாகக் கையை விரித்துத் தெரியாது என்றார். நசீமா காதில் சொல்ல, அவர் திருப்பிச் சொல்லிவிட்டு உள்ளே போனார். போனவர் திரும்பி நின்று பிளெக்ஸைப் பார்த்தார்.

அடுத்தது தனசேகர். நசீமா கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே ஒரு அடி வைத்தார். அவள் குறுக்கே நகர்ந்தாள்.

"ஏம்மா, வழி வுடு."

"ரூல் சார். யாரா இருந்தாலும் சொல்லணும். நீங்க எழுதனதுதான?"

வந்தவர் முன்னால் என்ன செய்வார்? குனிந்து காதைக் கொடுத்தார். நசீமா பொறுமையாக மூன்று துண்டாகச் சொன்னாள். உன் பெயர் வருவதை ஏதோ அஞ்சலி என்று நினைத்திருப்பார். அவர் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, மேடையில் பேசுவதுபோல உரக்கச் சொன்னார். முப்பத்திரண்டு பேரில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. உன் விதி.

கேள்வி என்ன என்று சாயங்காலம்தான் நசீமா எனக்குச் சொன்னாள். "இந்த விதிகளை எழுதியது யார்?" பதில், "ரூபி டீச்சரும் அவருடைய முப்பத்திரண்டு மாணவர்களும்." அந்த ஆள் தன் போட்டோவுக்குப் பக்கத்தில் நின்று, தன் வாயால், ஸ்பெயினிலிருந்து வந்தவரிடம் அதை ஒப்புக்கொண்டிருக்கிறார். பஸ்ஸை நடுரோட்டிலேயே நிறுத்திவிட்டு நான் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். பின்னால் நின்ற லாரிக்காரன் ஹாரன் அடித்து ஓய்ந்துபோனான்.

மேலாளர் அம்மா அதன் பிறகு ஆங்கிலத்தில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம்: ரூபி எங்கே? மதியத்துக்குள் பிளெக்ஸ் இறங்கிவிட்டது. வகுப்பு நிற்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார், ஜூனில் புது டீச்சரும் வந்துவிட்டார்.

ஆனால் மறுநாள் தனசேகர் பஸ்ஸுக்கே வந்தார். யாரோ அர்த்தம் சொல்லிவிட்டார்கள்போல.

"அந்தப் பொண்ணுக்கு யாரு சொல்லிக் குடுத்தது? பேர மட்டும் சொல்லு டிரைவர். பரீட்ச எழுதறாளான்னு பாக்கறேன்."

"நாந்தான் சார்."

"நீயா? ஒனக்கு ஸ்பானிஷ் தெரியுமா?"

"இன்னா சார் இப்டி கேட்டுட்டீங்க. ரெண்டு வருசம் ஸ்பெயின்ல கிரேன் ஓட்னவன் நானு. கேள்வி என்து, பதிலு என்து. பசங்களுக்கு அர்த்தமே தெரியாது."

என் பதினோரு வார்த்தையையும் வரிசையாக எடுத்து விட்டேன். நம்பிவிட்டார், ரூபிம்மா. சாயங்காலமே சாவியை வாங்கிக்கொண்டார்கள். நசீமா பரீட்சை எழுதினாள். நான் இப்போது பேட்டையில் ஒரு கிடங்கில் போர்க்லிப்ட் ஓட்டுகிறேன். ஏற்றி இறக்கும் வேகத்தில் என்னை மிஞ்ச ஆள் இல்லை, இதில் பாதியைக் குறைத்துக்கொள்.

உன் அம்மா அந்த ஆளை மன்னித்துவிட்டதாக சபையில் எழுந்து சாட்சி சொன்னாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அந்த மனசு இல்லை. உனக்கு இருந்தால், எனக்காகக் கொஞ்சம் தள்ளிப்போடு.

அவர் இன்னும் அதே நாற்காலியில்தான் இருக்கிறார். வருகிற ஐப்பசியில் உன் முதல் வருஷ நினைவு ஜெபம், வீட்டில்தான். உன் பிள்ளைகள் முப்பத்திரண்டு பேரும் வருகிறார்கள். பலகையைக் கழுவி உன் போட்டோவுக்குக் கீழே மாட்டியாகிவிட்டது. முதல் அழைப்பிதழை நானே கொண்டுபோய் அவர் மேஜையில் வைப்பேன். வந்தால் வாசலில் நான் நிற்பேன். வராவிட்டால் மறு வருஷமும் கொடுப்பேன், அதற்கு மறு வருஷமும். இது என் வாக்கு. வருகிற அன்றைக்கு அதே கேள்வியைத் தமிழில் கேட்பேன், ரூபிம்மா. காதில் யாரும் சொல்லித்தர மாட்டார்கள்.

உன் அம்மாவின் ஒரே தம்பி,
எதையும் மன்னிக்காத உன் தாய்மாமன்
சாலமோன்