கப்பலேறிய காதேங்கா

1974 மே 12, ஞாயிறு

ரயில் வேலைநிறுத்தம் இன்னும் முடியவில்லை. எங்கள் கம்பெனி பனியன் பண்டல்கள் எல்லாம் ஸ்டேஷன் வாசலிலேயே கிடக்கின்றன. அப்பா காலையிலிருந்து யார் மேலாவது எரிந்து விழுந்துகொண்டிருக்கிறார். பள்ளிக்கூட விடுமுறையில் வீட்டோடு இருப்பதால் என் மேல் கொஞ்சம் அதிகமாகவே.

இந்த நேரம் பார்த்து, பின்னல் மிஷின் பழகுவதற்கென்று கோயமுத்தூர் காலேஜிலிருந்து ஒருவர் எங்கள் கம்பெனிக்கு வந்திருக்கிறார். மொரீஷியஸ் தீவுக்காரர். பார்த்தால் நல்லூர் பஸ்ஸில் பக்கத்தில் நிற்கிற ஆள் மாதிரிதான் இருக்கிறார். வாயைத் திறந்தால் பிரெஞ்சு நெடி. பெயர் சிவன், அது சரி. குடும்பப் பெயர்? "காதேங்கா."

மிஷின் மேஸ்திரி நல்லான் இரண்டு தடவை திருப்பிக் கேட்டுவிட்டு, "தேங்காய்ங்களா?" என்றார். சாயங்காலத்துக்குள் கம்பெனி முழுக்க அவர் தேங்காய்த் தம்பி ஆகிவிட்டார்.

அப்பாவுக்குக் குழப்பம். "பேரைக் கேட்டா ஆப்பிரிக்காக்காரனாட்ட இருக்குது. மொகத்தைப் பாத்தா நம்ம சனமாட்ட இருக்குது. என்ன கண்ணு இது?" என்றார். பூகோள டீச்சர் என்றால் உலகத்தில் உள்ள அத்தனை பேருடைய பெயரும் தெரிந்திருக்க வேண்டுமா?

மே 19

அந்தத் தம்பிக்கு நாலு வார்த்தை தமிழ் சொல்லிக் கொடு என்று அப்பா உத்தரவு. இங்கிலீஷ் கேட்டு அவருக்குத் தலைவலியாம்.

ஆச்சரியம் என்னவென்றால், சிவனுக்குக் காவடிப் பாட்டு அத்தனையும் மனப்பாடம். தைப்பூசத்துக்கு அங்கே ஊரே காவடி எடுக்குமாம். ஒரு சொல்லுக்கும் அர்த்தம் தெரியாது, ஆனால் ராகம் பிசகாமல் பாடுகிறார். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் இரண்டு தொல்லை. ஒன்று, 'ட' வரவே மாட்டேன் என்கிறது. வீடு என்றால் வீது. எங்கள் ஆட்கள் சொல்கிற மாதிரி ஊடு என்று சொல்லப் போய் "ஊது" என்று வந்தது. "எதை ஊதணுங்க?" என்று நல்லான் கேட்டார். இரண்டாவது, அவன் அவள் வித்தியாசமே கிடையாது. அவர்கள் தீவுப் பேச்சில் ஆணுக்கும் பெண்ணுக்கும் 'லி' என்று ஒரே சொல்தானாம். அம்மாவைக் காட்டி, "அவன் நல்லா சமைக்கிறான்" என்றார். அம்மா அடுப்படியில் போய்ச் சிரித்துவிட்டு வந்து இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

ஜூன் 2

இன்று உலகப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். காதேங்காக்கள் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று சிவன் விரல் வைத்துக் காட்டினார். தாது வருஷப் பஞ்சத்தில் ஒரே ஒரு காதேங்கா மதராஸில் கப்பலேறிக் கரும்புத் தோட்டத்துக்கு மொரீஷியஸ் போனது. அங்கே போர்ட் லூயிஸில் இப்போது ஒரு தெருவே இவர்கள்தான். ஒரு கிளை ரீயூனியன் தீவில், ஒரு கிளை செஷல்ஸில். டர்பனில் இருக்கிறவர்கள் எழுத்தை மாற்றிப்போட்டு எழுதியதில், தபால்காரர் ஜெர்மன்காரர் வீடு என்றே நினைத்துக்கொண்டிருந்தாராம். லண்டனில் ஒரு நர்ஸ். மெல்போர்னில் ஒரு சித்தப்பா, முழுசாகச் சொல்லிச் சலித்துப்போய்ப் பெயரைப் பாதியாக வெட்டிக்கொண்டார்.

இத்தனை பேரில் ஒருவருக்கும் அந்தப் பெயருக்கு அர்த்தம் தெரியாது. மடகாஸ்கர் பெயர் என்று ஒரு பாதிரியார் சொன்னாராம். தெலுங்கு என்று ஒரு வாத்தியார். கோயமுத்தூரில் ஒரு புரொபசர் கேட்டதும் சிரித்தே விட்டார். ஸ்காலர்ஷிப் கிடைத்துக் கிளம்பும்போது இவருடைய அப்பா கேட்டது ஒன்றுதான்: "நாம் யார் என்று தெரிந்துகொண்டு வா."

அதைச் சொல்லும்போது சிவன் முகம் பாவமாக இருந்தது. நான் பேச்சை மாற்றி, முதல் காதேங்காவைப் பற்றித் தமிழில் ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னேன். "அவள் கப்பலில் வந்தாள்" என்றார். "அவன் வந்தான்" என்று திருத்தி, நாலைந்து தடவை சொல்ல வைத்தேன். தலையாட்டிக்கொண்டே சொன்னார். நல்ல மாணவர்.

ஜூன் 23

இன்று பாடத்துக்கு வரவில்லை. காய்ச்சலாம். வராவிட்டால் எனக்கென்ன? எனக்கென்ன என்றால் ஏன் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்?

ஜூலை 14

சிவன் அப்பாவிடம் நேராகவே கேட்டுவிட்டார். வாக்கியம் நான் எழுதிக் கொடுத்ததுதான். "உங்கள் மகளைக் கட்டிக்கொள்ள விரும்புகிறேன்." வாயிலிருந்து வந்தது "கத்திக்கொள்ள". அப்பா, எதற்குக் கத்த வேண்டும் என்று புரியாமல் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அதில் புரிந்துவிட்டது.

சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"கடல் தாண்டிப் பொண்ணைக் குடுக்கறதை நெனச்சாலே பயமா இருக்குதுங்க தம்பி. அதைக்கூட மனசைத் தேத்திக்கலாம். நல்ல புள்ளைன்னு நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கறேன். ஆனா என்ன கூட்டம்னு தெரியாம எப்படிங்க? நம்ம கூட்டமாவே இருந்துட்டா பங்காளி ஆயிருமே. அண்ணனுக்கும் தங்கச்சிக்குமா தாலி கட்டி வெக்கறது?"

கூட்டம் என்றால் என்னவென்று சிவனுக்கு நான்தான் விளக்கினேன். ஒவ்வொரு குடும்பமும் ஒரு கூட்டம், பிள்ளைகளுக்கு அப்பாவின் கூட்டம். ஒரே கூட்டத்தில் பிறந்தவர்கள் எத்தனை தலைமுறை தள்ளிப்போனாலும் கூடப்பிறந்தவர்கள்தான் என்று. அவர், "என்னிதம் பேர் மத்தும்தான் இருக்கு" என்றார்.

ஜூலை 21

காது, தேங்காய், காத்தான், காதங்கள், காந்தன். எதுவும் பொருந்தவில்லை. ஊர்ப் பெயராக இருக்குமோ என்று தாலுகா தாலுகாவாகப் பார்த்துவிட்டேன். ஒன்பதாம் வகுப்பு கட்டுரை நோட்டுகள் திருத்தாமல் கிடக்கின்றன.

செப்டம்பர் 1, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்.

மடத்துக்குளத்தில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம். பந்தியில் எதிரில் உட்கார்ந்த பெரியவர் ஒருவர் வழக்கம்போல விசாரணையை ஆரம்பித்தார். "அம்மிணி, நீங்க எந்தக் கூட்டமுங்க?" அம்மா "ஆந்தைங்க" என்றாள். "தாங்களுங்க?" அப்பா "காடைங்க" என்றார்.

பிறந்ததிலிருந்து எத்தனை பந்தியில் இதைக் கேட்டிருப்பேன். அப்பா காடை, அம்மா ஆந்தை, நான் எந்தக் குஞ்சு என்று சின்ன வயதில் எல்லோரும் கேலி செய்வார்கள். இன்றுதான் காதில் விழுந்தது. காடைங்க. 'ட' வராத வாயில் போட்டு, கடைசியில் கொஞ்சம் இழுத்தால் — காதேங்கா!

ரசம் இலையை விட்டு ஓடியது. நான் பார்க்கவே இல்லை. கப்பல் குமாஸ்தா யார் என்று கேட்டிருக்கிறான். இவர்கள் ஆள் பணிவாகக் "காடைங்க" என்று சொல்லியிருக்கிறார். மரியாதைக்குச் சொன்ன 'ங்க'வையும் சேர்த்துப் பெயராக எழுதிவிட்டான்! உயிர் போகிற பஞ்சத்திலும் குமாஸ்தாவுக்கு 'ங்க' போட எங்கள் சனத்தைத் தவிர வேறு யாரால் முடியும்? ரீயூனியன், டர்பன், லண்டன் என்று போன இடமெல்லாம் அந்த 'ங்க' கூடவே போயிருக்கிறது.

மோர் வந்தபோதுதான் உறைத்தது. காடை என்றால் நாங்கள். நான்.

செப்டம்பர் 3

சொன்னால் அண்ணன். சொல்லாவிட்டால் கூட்டம் தெரியாதவர், எனக்கு ஒன்றுமே இல்லை. இதில் எதைத் தேர்ந்தெடுப்பது?

செப்டம்பர் 8

சொல்லிவிட்டேன். நூறு வருஷமாக ஒரு குடும்பமே தேடுகிற பெயரை எனக்குள் அமுக்கி வைத்துக்கொள்ள முடியவில்லை.

சிவன் குதித்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு பிரெஞ்சில் என்னவோ சொன்னார், கண்ணெல்லாம் தண்ணீர். அப்புறம் நான் மிச்சத்தையும் சொன்னேன். கையை விட்டுவிட்டார். "இதை உங்க அப்பாவிதம் மறைக்கலாமா?" என்று கேட்டார். அவரே போய்ச் சொன்னார்.

அப்பா மிஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு, "நம்ம பங்காளிங்கடா! எத்தன வருசங் கழிச்சு ஊடு திரும்பியிருக்குது பாரு!" என்று சிவனைக் கட்டிக்கொண்டார். எல்லோருக்கும் மிட்டாய். என்னைப் பார்த்து, "அண்ணனுக்குக் காப்பி கொண்டா கண்ணு" என்றார்.

சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் உள்ளே போய், நல்லானை நகரச் சொல்லிவிட்டுத் தானே மிஷின் ஓட்டினார்.

அக்டோபர் 6

வேறு மாப்பிள்ளை பார்க்கட்டுமா என்று அம்மாவை விட்டுக் கேட்கச் சொல்லியிருக்கிறார் அப்பா. பார்க்கட்டும். பார்க்காமல் போகட்டும். அந்த 'ங்க' மட்டும் இல்லாதிருந்தால் கண்டுபிடித்தே இருக்க மாட்டேன். யார் கேட்டது இவ்வளவு மரியாதையை?

நவம்பர் 10, ஞாயிறு

வரிசையாக எழுத வேண்டும்.

அடுத்த வாரம் சிவன் ஊருக்குக் கிளம்புகிறார். பங்காளிக்கு இலை போடாமல் அனுப்பக்கூடாது என்று அப்பா சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். இலை போட்டதும் அப்பா, "கொலசாமி கோயில்ல உங்க பாட்டனார் பேரைச் சொல்லி ஒரு பொங்கல் வெக்கலாம்னு இருக்கறனுங்க தம்பி. அவரைப் பத்தி எதாச்சும் தெரியுங்களா?" என்றார்.

சிவன் யோசித்து யோசித்துத் தமிழில் சொன்னார். "அவன் ரொம்பக் கஷ்தப்பத்தான். கப்பல்ல சோறு பத்தலை. மகனுக்குப் பால் கொதுத்துக்கித்தே வந்தான்."

"டப்பாப் பாலுங்களா?"

"இல்லீங்க. அவன் பால்."

அப்பா எடுத்த கவளம் பாதியில் நின்றது. "ஆம்பளை எப்படிங்க தம்பி பால் குடுப்பாரு?"

சிவன் என்னைப் பார்த்தார். "தீச்சர்தானே அவன்னு சொல்லச் சொன்னது?"

கடவுளே. ஜூன் மாதம், உலகப்படம், அவள் கப்பலில் வந்தாள். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை சரியாகச் சொல்லியிருக்கிறார், அதைப் போய்த் திருத்தி, நாலைந்து தடவை சொல்ல வைத்து! இத்தனை மாதமும் அந்த மனுஷிக்கு மனசுக்குள் மீசை வேறு வைத்திருந்தேன்.

"பொம்பளைங்களா? கப்பலேறிப் போனது பொம்பளையா?" அம்மா கரண்டியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ஆமாங்க. பொம்பளை. புருஷன் பஞ்சத்துல செத்துப் போச்சு. கைக்குழந்தையோத போனான். போனாள்."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். "ஏனுங்க, புரியலீங்களா? குமாஸ்தா மொதல்ல புருசன் பேரைத்தான் கேட்டிருப்பான். எந்தப் பொம்பளைங்க புருசன் பேரைச் சொல்லுவா? வாயைத் தொறந்திருக்க மாட்டா. செரி, நீ யாருன்னு கேட்டிருப்பான். பொறந்த கூட்டத்தைச் சொல்லியிருக்கறா. உங்களைக் கட்டி இத்தன வருசமாச்சு, அன்னிக்கு மடத்துக்குளத்துல கேட்டதுக்கு நானு ஆந்தைங்கன்னுதானே சொன்னேன்? காடைங்கன்னா சொன்னேன்?"

அப்பா இலையையே பார்த்துக்கொண்டு கணக்குப் போட்டார்.

"காடைல பொறந்த பொண்ணைக் காடைலயே குடுத்திருக்க மாட்டாங்க" என்றார் மெதுவாக. "அப்ப அவ புருசன் வேற கூட்டம். எதுவோ ஒண்ணு. ஆனா காடை இல்ல. புள்ளையும் அப்பங் கூட்டந்தானே. அப்ப இந்தத் தம்பி..." நிமிர்ந்து சிவனைப் பார்த்தார். "நாம கட்டிக் குடுத்த பொண்ணோட வாரிசு. அட, பங்காளி இல்லீங்க, மாமன் மச்சான் மொறையல்ல ஆவுது!"

"அதைத்தானுங்க நானுஞ் சொல்றேன்" என்றாள் அம்மா.

சிவனுக்கு முறையெல்லாம் பிடிபடவில்லை. ஆனால் அப்பாவின் முகம் பிடிபட்டது. அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார்: "மாப்பிள்ளைக்கு அப்பளம் வெய்யி கண்ணு."

அப்பளம் எதிரிலேயேதான் இருந்தது. கண்ணில் தண்ணீர் நின்றதால் எனக்குத் தெரியவில்லை. அம்மா எடுத்து வைத்தாள்.

1975 பிப்ரவரி 2

சிவன் பயணத்தைத் தள்ளிப்போட்டதால் இங்கேயே கல்யாணம் முடிந்தது. பந்தல்காலுக்கு நல்லான் தேங்காய் உடைத்தபோது கம்பெனி ஆட்கள் எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

மார்ச் 16

பாஸ்போர்ட் வந்தது. என் பெயரை மயிலாள் காதேங்கா என்று போட்டிருக்கிறது. ஆங்கிலத்தில்தான், ஆனாலும் நான் காடைங்க என்றே படித்தேன். அம்மா வாங்கித் தடவிப் பார்த்தாள். "கட்டிக் குடுத்தா பொண்ணுக்குப் பேரு மாறிப் போவும். நீ ஒருத்திதான் கண்ணு பொறந்த கூட்டத்துப் பேரோடயே புருசன் ஊட்டுக்குப் போறே" என்றாள். அப்புறம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, முறுக்கு சுட மாவு சலிக்கப் போய்விட்டாள்.

ஏப்ரல் 13, போர்ட் லூயிஸ்

வந்து சேர்ந்துவிட்டோம். விமான நிலையத்தில் ஒரு தெருவே திரண்டு நின்றது. அத்தனை பேரும் காதேங்காக்கள். மாமனார் முன்னால் வந்து, பெயரை எப்படிச் சொல்ல வேண்டும் என்று சிவனை விட்டுக் கேட்டார். "காடைங்க" என்றேன். சின்னது பெரியது எல்லாம் திருப்பிச் சொல்லிப் பார்த்தன. ஒருவர் வாயிலும் 'ட' வரவில்லை. மாமனார் மட்டும் விடாமல் முயன்றுகொண்டே இருந்தார், காரில் ஏறிய பிறகும்.

வீட்டு வாசலில் கண் தெரியாத பெரிய அத்தை ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முதலில் வந்த மனுஷி மடியில் தூக்கி வளர்த்த கொள்ளுப்பேத்தி அவர். இருக்கிறவர்களில் அவளைத் தொட்டுப் பார்த்த ஒரே ஆள். சிவன் என் கையை எடுத்து அத்தை கையில் வைத்தார். என்னைப் பற்றித்தான், எனக்கும் புரியட்டும் என்று தமிழிலேயே சொன்னார்:

"அத்தை, அவன் வந்துத்தான்."

நான் திருத்தவில்லை.