மீன் பிழைக்காத தண்ணீர்

கேளம்பாக்கம்
9-2-2025

அன்புள்ள அண்ணனுக்கு,

வினிதா எழுதுவது. நான் நலம். நீயும் தீபா அண்ணியும் நலம்தானே? போனில் பேசினால் இரண்டாவது நிமிஷம் நீ கத்துகிறாய், மூன்றாவது நிமிஷம் நான் வைத்துவிடுகிறேன். அதனால்தான் கடிதம். தயவுசெய்து கடைசிவரை படி.

பொங்கலுக்கு வந்தபோது செம்பாக்கம் ஏரிக்கரையில் உன்னைப் பார்த்தேன். ஊர் வீட்டு செப்டிக் டேங்கையெல்லாம் உறிஞ்சி வந்து, லாரிக் குழாயை ஏரிக்குள் விட்டுவிட்டு பீடி பிடித்துக்கொண்டிருந்தாய். தண்ணீர்மேல் என்ன மிதந்தது என்று எழுதக்கூடக் கை கூசுகிறது. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த ஏரிக் கெண்டையை நம் வீட்டில் குழம்பு வைத்துத் தின்றோம் என்று நினைத்தால் இப்போதும் குமட்டுகிறது. உனக்கு அருவருப்பே வராதா அண்ணா? மீன் இருக்கிற தண்ணீரில் மலத்தைக் கொட்ட எப்படி மனசு வருகிறது?

இங்கே என்ன வேலை என்று அண்ணி கேட்டாள். உப்பளத்துப் பாத்தித் தண்ணீரை ஆராய்கிறேன். கடலைவிட நாலு மடங்கு உப்பு. இந்தத் தண்ணீரில் ஒரு மீன்கூடப் பிழைக்காது. விட்டால் கொஞ்ச நேரத்தில் மல்லாந்துவிடும்.

(பின்பக்கம்)

மீன் இல்லாததால்தான் என் உப்பு இறால் இங்கே இருக்கிறது. தின்ன ஆள் இல்லாத இடமாகப் பார்த்துக் குடியேறிய கெட்டிக்காரி. அரிசி நீளம்தான் இருக்கும், பதினொரு ஜோடிக் கால், மல்லாக்க நீந்தும். தண்ணீர் வற்றினால் அதன் முட்டைகள் பழுப்புத் தூளாகக் கரையில் ஒதுங்கி வருஷக்கணக்கில் கிடக்கும். மறுபடி உப்புத் தண்ணீர் பட்டால் இரண்டு நாளுக்குள் பொரிந்துவிடும். பூநாரைகள் இதைத் தின்னத்தான் வருகின்றன. அவற்றின் சிவப்பே இந்த இறால் கொடுத்ததுதான். மூன்று வருஷமாக ஒன்பதாம் பாத்தியில் எண்ணுகிறேன். ஜூனில் என் ஆய்வை முடித்துக் கொடுக்க வேண்டும்.

உன் தங்கை,
வினிதா


செம்பாக்கம்
20-2-2025

அன்புத் தங்கை வினிதாவுக்கு அண்ணன் தசரதன் எழுதியது. இங்கு நாங்கள் சுகம்.

உன் கடிதத்தைச் சுத்திகரிப்பு நிலைய வாசலில் பிரித்தேன். வரிசையில் எனக்கு முன்னால் பதினாலு வண்டி. தினமும் அப்படித்தான். அதனால்தான் ஏரிப் பக்கம் போகிற புத்தி வந்தது. நியாயம் என்று சொல்லவில்லை.

அருவருப்பு வராதா என்று கேட்டாய். இருபது வருஷமாக வருகிறது. சோறு பிசையும்போது வருகிறது. டேங்க் நிரம்பி வழிந்தால், "அண்ணா, ஒடனே வாண்ணா, வூட்ல நிக்க முடியல"ன்னு போனில் கெஞ்சுகிற அதே ஆள், வேலை முடிந்து குடிக்கத் தண்ணி கேட்டால் டம்ளரை வாசல் கேட்டுக்கு வெளியே வைக்கிறான். அவன் ஊரான், போகட்டும். பொங்கலுக்கு உன் அண்ணி போட்ட காபியை நீ வாயில் வைக்காமல் ஆறவிட்டுப் போனாய். "என் கையிலயுமா நாறுது?"ன்னு இன்னும் கேட்டுக்கினு இருக்கிறாள். நீ படித்த படிப்பும் இந்த நாற்றத்தில் வந்ததுதான். சொல்லிக்காட்டக் கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். காட்டிவிட்டேன், விடு.

ஏரியில் இனி ஒரு சொட்டு விழாது. மீன் இருக்கிற தண்ணியில் கொட்ட மாட்டேன். உன்மேல் சத்தியம்.

அண்ணன்,
தசரதன்


கேளம்பாக்கம்
2-4-2025

அன்புள்ள அண்ணனுக்கு,

ஏரி விஷயத்தில் நீ சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாய் என்று அண்ணி சொன்னாள். நன்றி. அண்ணியின் காபிக்கு நான் நேரில் வந்து மன்னிப்புக் கேட்கிறேன்.

இப்போது வயிறெரிந்து எழுதுகிறேன். எவனோ ஒரு படுபாவி என் ஒன்பதாம் பாத்தியில் லாரி லாரியாக மலத்தைக் கொட்டியிருக்கிறான். ஒரு வாரம் வேலையாக வெளியூர் போய்விட்டு வந்து பார்த்தால் தண்ணீர் கறுத்து, மேலே பாலாடைபோல ஏடு கட்டிக் கிடக்கிறது. ஏட்டில் தலைமுடி, நாப்கின், பிளாஸ்டிக். முழங்கால் வரை இறங்கினேன். வலையில் ஒரு இறால்கூட உயிரோடு வரவில்லை. செத்தவை சாக்கடைப் புழுபோல ஓரத்தில் குவிந்து நாறுகின்றன. கரையேறி இரண்டு முறை வாந்தியெடுத்தேன். சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கால் தோல் உரிந்துவிட்டது, நாற்றம் போகவில்லை. மூன்று வருஷத்துக் கணக்கு நாசம். பூநாரைகள் ஒருநாள் வந்து சுற்றிவிட்டுப் போய்விட்டன.

உப்பு வாரும் அஞ்சம்மாள் ஒரு பச்சை லாரியைப் பார்த்திருக்கிறாள். "மூணு தபா வந்துச்சும்மா, நம்பரு பாக்கல"ன்னு சொல்கிறாள். அவன் விளங்குவானா? அவன் கையால் யாராவது ஒரு வாய் சோறு வாங்கித் தின்பார்களா? உனக்கு லாரிக்காரர்களையெல்லாம் தெரியும். கிட்டுவைக் கேள், ஃபிரெடியைக் கேள். ஆள் யாரென்று மட்டும் சொல், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வினிதா


செம்பாக்கம்
8-4-2025

வினிதாவுக்கு,

கிட்டுவையும் ஃபிரெடியையும் கேட்க வேண்டியதில்லை. நான்தான்.

உன் முதல் கடிதத்தை முன்பக்கம்தான் படித்தேன். நீ எழுதியிருந்ததில் ரத்தம் கொதித்துப்போய், மீன் பிழைக்காது என்கிற வரியோடு மடித்து டேஷ்போர்டில் போட்டுவிட்டேன். போன மாசக் கடைசியில் கேளம்பாக்கத்தில் ஒரு அபார்ட்மென்ட் வேலை. திரும்பும்போது அந்த உப்புத் தண்ணி கண்ணில் பட்டது. மீனே இல்லாத செத்த தண்ணி, யாருக்கும் நஷ்டமில்லை, தங்கச்சிக்குக் கொடுத்த வாக்கும் தப்பவில்லை என்று நினைத்தேன். சந்தோஷமாக வேறு இருந்தேன். அது உன் பாத்தி என்று தெரியாது.

நேற்று பின்பக்கத்தைப் படித்தேன். அரிசி நீளம் என்று எழுதியிருக்கிறாய். எத்தனை லட்சம் இருந்திருக்கும்?

என் கையால் சோறு வாங்கித் தின்பார்களா என்று கேட்டாய். தீபா தின்றுகொண்டிருந்தாள். மூன்று நாளாக எனக்கே என் கை வாய்க்குப் போகவில்லை.

தசரதன்


கேளம்பாக்கம்
12-4-2025

அண்ணா,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து உன்மேல் வந்த அருவருப்பு பாதி, என்மேல் வந்தது பாதி. மீன் இருக்கிற தண்ணீரில் கொட்டாதே என்று எழுதியவள் நான். எந்தத் தண்ணீரிலும் கொட்டாதே என்று எழுதியிருக்க வேண்டும். இறாலை எண்ணத் தெரிந்தவளுக்கு, அண்ணனை அசிங்கப்படுத்தாமல் நாலு வரி எழுதத் தெரியவில்லை.

ஆனாலும் இதை விட முடியாது. நீ இல்லாமல் வேறொருவன் செய்திருந்தால் என்ன செய்திருப்பேனோ, அதைத்தான் இன்று செய்தேன். காவல் நிலையத்தில் உன் லாரி நம்பரைப் போட்டுப் புகார் கொடுத்துவிட்டேன். அண்ணன் என்று எழுதக் கை வரவில்லை, நம்பரை மட்டும் எழுதினேன். அடுத்தவர் சொல்லி நீ தெரிந்துகொள்ளக் கூடாது, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

ஜனவரியில் வாரி வைத்த முட்டைத் தூள் ஒரு டப்பா என்னிடம் இருக்கிறது. இரண்டு மழைக்காலம் பாத்தியைக் கழுவிவிட்டால் விட்டுப் பார்க்கலாம். அண்ணியிடம் நான் எந்த முகத்தோடு வருவேன்?

வினிதா


செம்பாக்கம்
16-4-2025

அன்புத் தங்கை வினிதாவுக்கு,

நீ செய்தது சரி. அண்ணியும் அதையே சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள்.

ஆனால் நேற்று போலீஸ் வந்து நின்றது கிட்டு வீட்டு வாசலில். நீ கொடுத்த நம்பர் என் பழைய வண்டியுடையது. அதை அவனுக்குக் கொடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது இருக்கிற வண்டியும் பச்சைதான், நம்பர் வேறு. உனக்கு எப்படித் தெரியும்? என் வண்டி தெருமுனையில் திரும்பினாலே மூக்கைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வாய்.

கிட்டு பாவம், பிள்ளைகுட்டிக்காரன். நான் ஸ்டேஷனுக்குப் போய் நான்தான் என்றேன். புகார் கொடுத்தவங்க வந்து நம்பரைத் திருத்தணும் என்கிறார்கள். இது கிடைத்ததும் போய்த் திருத்திக் கொடு. சரியான நம்பரை எழுதியிருக்கிறேன்.

தாளைத் திருப்பு. பின்பக்கம் இருக்கிறது.

அண்ணன்,
தசரதன்