யவனன் வீட்டு விருந்தும் மிளகுக் கடனும்

ஆயிரத்து இருநூற்று அறுபது பொன்.

வேலங்கரை நாடாளும் மகாராசர் விறல்வேள் பெருமானடிகள், கருங்குன்றத்துக் கோமான் வில்லவராயருக்கு மூன்று பருவமாய் மிளகு வாங்கிய வகையில் கொடுக்காமல் வைத்திருக்கும் தொகை இது. தொகையை முதலில் எழுது, வாழ்த்தைப் பிறகு எழுது என்று கோமான் ஆணையிட்டபடியால் முறை மாற்றி எழுதலானேன். பெருமானடிகள் பொறுத்தருள்க.

கடல் காவல் நிற்க, கொடி தாழாது பறக்க, நெற்களஞ்சியமும் யானைச்சாலையும் நிறைந்திருக்க, பட்டத்தரசியாரும் இளவரசரும் நோயின்றி வாழ்க. தங்கள் வெண்குடை நிழல் விழும் நிலமெல்லாம் மழை தவறாது பெய்க. அந்தத் திருவடிக்கு, தூதுவ நாயகம் நாகங்குமரனாரின் பல்லக்கை முன்கொம்பில் சுமக்கும் வெண்காடன், தரையில் விழுந்து எழுதும் ஓலை. எழுதும் கை என்னுடையது. கீழே பதியப்போகும் முத்திரை தங்களுடையது.

தூதுவ நாயகம் இருக்க, சுமப்பவன் எழுதுவானேன் என்று சபையில் கேள்வி வரும். அவர் உயிரோடுதான் இருக்கிறார். இதே கூடத்தில், எனக்கு எதிரே, உண்ட பீடத்தை விட்டு எழ அனுமதியின்றி உட்கார்ந்திருக்கிறார். கோமானின் வேல்காரர்கள் வாசலை அடைத்து நிற்கிறார்கள். ஓலை முடிவதற்குள் கடனுக்கு வழி சொல்லாவிட்டால் நாயகத்தின் தலை இந்த வாசலைத் தாண்டாது என்று கோமான் சொல்லிவிட்டார். தின்றவன் எழுதினால் ருசியைத்தான் எழுதுவான், சுமந்தவன் எவனாவது இருந்தால் அவன் எழுதட்டும் என்றும் சொன்னார். முற்றத்தில் நின்ற என் மைத்துனன் பொத்தன், பின்கொம்பு சுமப்பவன், வாய் சும்மா இராமல், "எங்க மச்சான் எழுதுவாரு சாமி, நரைச்ச பொறவு படிச்சவரு" என்று கூவிவிட்டான். ஓலைச்சாலை வாசலில் பல்லக்கை இறக்கிவிட்டுக் காத்துக் கிடந்த காலத்தில், கணக்கர்கள் வாய்விட்டுச் சொல்லி எழுதுவதைக் கேட்டும், அவர்கள் நறுக்கி எறிந்த துண்டுகளைப் பொறுக்கியும் கற்ற எழுத்து இது. அரச ஓலையின் நடை தவிர வேறு நடை எனக்குத் தெரியாது. பிழை இருக்கும்.

கருவூலத்தில் பொன் இல்லை என்பதும், கோமானை இன்னொரு பருவம் பொறுக்கச் சொல்வதற்காகவே இந்த விருந்து என்பதும் தாங்கள் அறிந்தவை. துறைமுகத்தில் லூக்கியன் என்னும் யவன வணிகன் நடத்தும் இந்த உணவு வீட்டில் இடம் கிடைக்க மரக்கல நாயகர்களே காத்துக் கிடக்கிறார்கள். வெள்ளைக்கல் தூண், கண்ணாடி விளக்கு, சாய்ந்து உண்ணும் மெத்தைப் பீடம். இன்னது வேண்டும் என்று இங்கே யாரும் கேட்பதில்லை. அவன் எண்ணியதை, அவன் எண்ணிய வரிசையில், ஒவ்வொன்றாகக் கொண்டுவருவான். ஒவ்வொன்றுக்கும் தனி மது, தனித் தட்டு. விசிறி வீச ஆள் குறைந்தபடியால் என்னை உள்ளே அழைத்து நாயகத்தின் பின்னால் நிறுத்தினார்கள். ஆதலால் எல்லாம் கண்டேன்.

கோமான் பெரிய உடம்புக்காரர். விருந்துக்குப் போகிறவர் காலையிலிருந்து ஒன்றும் உண்ணாமல் போவது அவர்கள் மலை வழக்கமாம். அப்படிப் பசித்து வந்தவர் முன் முதலில் வந்தது சிப்பி ஒன்று. தாம்பாளம் போன்ற தட்டின் நடுவே ஒரே ஒரு சிப்பி, அதன்மேல் ஏதோ ஒரு சாறு ஒரு துளி. கோமான் தட்டைத் தூக்கி அடியில் பார்த்தார். "இது சாமிக்குப் படைக்கிறதா, எனக்கா?" என்றார். நாயகம் சிரித்தார். கோமானும் சிரித்துவிட்டு அதை விழுங்கினார். விழுங்கியதும் பணியாளன் வந்து தட்டை எடுத்துப்போனான். கோமானின் சிரிப்பு அப்போதே நின்றுவிட்டது. ஏன் என்று அந்த வேளையில் எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

பிறகு விரல் நீளத்தில் ரொட்டி வந்தது, ஒலிவ எண்ணெய் தொட்டு. தட்டுப் போயிற்று. விளக்கை மறைத்தாலும் ஒளி தெரியும் அளவுக்கு மெல்லிய கோதுமைத் தகடு, உள்ளே ஆட்டுப்பால் கட்டி வைத்து மடித்தது. அந்தத் தட்டும் போயிற்று. வெளியே முற்றத்தில் காலையிலிருந்து பட்டினியாய் நின்ற எங்கள் ஆட்களுக்கு நெய்மணம் மட்டும் வந்துகொண்டிருந்தது. "உள்ள விருந்தா நடக்குது? காக்காய்க்கு வைக்கிற மாதிரியில்ல கொண்டு போறான்" என்று பொத்தன் சொன்னது எனக்குக் கேட்டது. விசிறியால் வாயை மறைத்துக்கொண்டேன்.

நாலாவதாக மாவிழை வந்தது. நூல் நூலாய்த் திரித்த கோதுமை மாவு, மட்டிச்சதையும் பூண்டும் போட்டுப் புரட்டியது. கோமான் கையால் எடுக்க, அது நழுவித் தாடியில் தொங்கியது. லூக்கியனே அடுக்களையிலிருந்து வந்து, ஒரு முள்ளில் சுற்றி உண்ணும் விதத்தைக் காட்டினான். கோமான் சுற்றினார், உண்டார், கண் மூடினார். பெருமானடிகளே, அந்த நேரம் எல்லாம் நல்லபடியாய் முடிந்துவிடும் என்று நம்பினேன். "அடடா. இதுல இன்னும் ரெண்டு கை போடுப்பா" என்றார் கோமான், குழந்தையைப் போல.

இரண்டாம் முறை பரிமாறுவது இந்த வீட்டில் இல்லை, பரிமாறினால் அடுத்து வரும் பண்டத்தின் சுவை கெடும் என்று யவனன் மொழிபெயர்க்கும் துபாஷி மூலம் சொன்னான். பணிவாகத்தான் சொன்னான். தட்டைப் பணியாளன் எடுத்தான். கோமான் தட்டின் மறு ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். இருவரும் இழுத்தார்கள். தட்டு உடைந்தது.

அப்போதுதான் கோமான் விளக்கினார். விருந்தாளி எழுவதற்கு முன் அவர் முன்னிருக்கும் கலத்தை எடுப்பது கருங்குன்றத்தில் ஒருவனுக்கு மட்டுமே செய்வது. ஊர் விலக்கிய குற்றவாளிக்கு. நீ உண்டது போதும், இனி இந்த மண்ணில் உனக்குச் சோறில்லை என்று அதற்குப் பொருள். "ஒரு தடவை இல்ல, நாலு தடவை என்னைய ஊரை விட்டுத் தள்ளிப்புட்டீங்க. தெரியாத சனம்னு பொறுத்துக்கிட்டேன். கேட்ட சோத்தையும் இல்லைங்கிறீங்க" என்றார். நாயகம் எழுந்து கைகூப்பி, அது யவனர் வழக்கம், எங்கள் வழக்கம் அன்று என்று மன்றாடினார். கோமான் ஒருவாறு அமர்ந்தார். பிறகு மீன் துண்டும் காடையும் வந்தன. தட்டுகளை எடுக்க யாரும் துணியாததால் அவை ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சேர்ந்துகொண்டே போயின.

கடைசியில் இனிப்பு வந்தது. மதுவில் வேகவைத்த பேரிக்காய், மேலே இடித்த மிளகு. கோமான் அதை வாயருகே கொண்டுபோய் மோந்தார். உண்ணவில்லை. இது என் மேற்குச் சரிவு மிளகு என்றார். யவனனை அழைத்து, இதற்கு என்ன விலை கொடுத்தாய், யாரிடம் கொடுத்தாய் என்று கேட்டார். மரக்கலத்தில் ஏற்றிய அன்றே முழு விலையும் பொன்னாக அரசர் கருவூலத்தில் கட்டிவிட்டதாக யவனன் சொன்னான். அவன் பொய் சொல்லத் தேவையில்லாதவன். நாயகம் தலை குனிந்தார். கோமான் கையைத் தட்ட, வேல்காரர்கள் உள்ளே வந்தார்கள்.

நடந்தது இதுவரை. இனி எழுதுவது, நான் எழுதிக்கொண்டிருக்கையில் என் கண் முன் நடப்பது.

பெருமானடிகளே, பொன் ஏதேனும் இருந்தால் என்று எழுத மனம் வருகிறது. இந்த ஓலை தங்களை அடையும்போது இங்கே முடிந்திருக்கும் என்பதும் தெரிகிறது. ஆனாலும் எழுதுகிறேன், எழுதும்வரை முடியாதல்லவா. நாயகம் பேசுகிறார். படகுத்துறைச் சுங்கத்தைத் தருவதாகச் சொன்னார். அது செட்டிகளிடம் அடகில் இருப்பது கோமானுக்குத் தெரிந்திருக்கிறது. தம் மோதிரங்களைக் கழற்றி வைத்தார். கோமான் அவற்றைப் பேரிக்காய்த் தட்டில் போட்டு ஒதுக்கினார். தந்தப் பல்லக்கைத் தருவதாகச் சொன்னார். அதற்குக் கோமான் சிரித்தார். எங்கள் மலையில் பல்லக்குப் போகும் பாதை இல்லை, மிளகு தோளில்தான் இறங்குகிறது, போன மழையில் சரிவு விழுந்து சுமையாட்களை மண்ணோடு கொண்டுபோயிற்று என்றார். பிறகு சொன்னார்: "பல்லக்கு வேணாம். பல்லக்குக்கு அடியில இருக்கிறதைக் குடு."

நாயகம் நெடுநேரம் யோசித்தார் என்று எழுத விரும்புகிறேன். யோசிக்கவில்லை. தூதுக்கென்று தாங்கள் கொடுத்தனுப்பிய முத்திரை மோதிரத்தை எடுத்துக்கொண்டு என் பக்கம் வந்து, நான் சொல்வதை எழுது என்றார். அவர் சொல்லச் சொல்ல எழுதியது வருமாறு:

மிளகுக் கடனுக்கு ஈடாக, பல்லக்கு ஆட்கள் நால்வரை, அவர்கள் உயிருள்ள காலம் முழுதும், கருங்குன்றத்துக் கோமானுக்குக் கொடுத்தோம். இதில் மறுப்பில்லை. இதில் மீட்பில்லை.

நான் எழுதினேன். எழுதாவிட்டால் எதிரே ஒரு தலை விழும். பொத்தன் முற்றத்திலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன மச்சான், இம்புட்டு நேரம்? பசியா? வீட்டுக்குப் போகலாம்னு எழுதியாச்சா?" என்றான். மற்ற இருவரும் சிரித்தார்கள். அவர்களுக்கு எழுத்துத் தெரியாது. என் தங்கையை அவனுக்குக் கட்டிக்கொடுத்தவன் நான். இன்னும் சொல்லவில்லை. ஓலை முடிந்ததும் சொல்ல வேண்டும்.

நாயகம் தம் பெயர் எழுதி முடிக்கச் சொன்னார். கோமான் தடுத்தார். முழு அதிகார முத்திரை இது, இதன் கீழ் வருவதெல்லாம் அரசனையும் கட்டும் ஆணை, கடைசி ஆணையை ஓலை எழுதியவனே இடட்டும் என்றார். என்னைப் பார்த்து, என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள் என்றார். விடுதலை கேட்கலாமா என்றேன். அதைத் தவிர என்றார்.

ஆகவே இது ஆணை. தோணி கவிழ்ந்தது என்றோ, கொள்ளைநோய் கொண்டுபோயிற்று என்றோ எங்கள் வீடுகளில் சொல்லக்கூடாது. எங்கள் பெண்கள் தாலி கழற்றக்கூடாது. அவர்கள் புருஷன்மார் உயிரோடு இருக்கிறார்கள், அரசன் கடனுக்குக் கொடுக்கப்பட்டார்கள் என்று உள்ளபடி சொல்ல வேண்டும். சொல்பவர், பல்லக்குத் தூக்க ஆளின்றி இந்த ஓலையைத் தம் கையிலேயே சுமந்து நடந்துவரும் தூதுவ நாயகம் நாகங்குமரனார். அவர் முதலில் எங்கள் தெருவுக்குப் போய், நாலு வாசலிலும் நின்று வாசித்துவிட்டு, அதன் பிறகே அரண்மனைக்கு வர வேண்டும்.

கோமான் வில்லவராயரும் தூதுவ நாயகமும் பார்த்திருக்க, யவனன் லூக்கியன் சாட்சியாக, வேலங்கரை முத்திரை இதில் பதிந்தது. ஆயிரத்து இருநூற்று அறுபது பொன்னும் அடைந்தது. பெருமானடிகள் இனி யாருக்கும் கடன்படவில்லை.